கருக்கல் படங்களுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை

அவைக்குத் தலைமையேற்று, ஆலையின் அலுவல்களை அரைநாள் ஒத்திவைத்து வந்து அமர்ந்திருக்கும் பெருமதிப்பிற்குரிய முதலாளி கோவிந்தராஜுலு ஐயா அவர்களே! எங்கள் காய்ச்சலுக்குக் கஷாயமும், எங்கள் கண்ணீருக்குக் கைக்குட்டையும், எங்கள் சத்தத்துக்கு அதட்டலும் தவறாமல் தரும் விடுதிக் காப்பாளர் விமலாராணி அம்மா அவர்களே! இந்த மண்டபத்தை மனமுவந்து அளித்த பெருந்துறைப் பெரியோர்களே! பஞ்சைப் பிரித்து இழையாக்கி, இழையை முறுக்கி நூலாக்கி, காலை ஷிப்டு முடித்த கையோடு தலைமுடியில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டாமல் வந்திருக்கும் என் அக்காமாரே, தங்கைமாரே! நேருக்கு நேர் பார்த்தால் மகள் பேச்சை மறந்துவிடுவாள் என்று மூன்றாவது வரிசையில் தலையைக் குனிந்து முந்தானையைப் பார்த்துக்கொண்டிருக்கும் என் தாயே! என் தாயைப் போல் யாரோ ஒருத்திக்காக இங்கே குனிந்திருக்கும் தாய்மார்களே! உங்கள் எல்லோருக்கும் லின்சியின் வணக்கம்.

"சத்தமாப் பேசு கண்ணு, பின்னாடி கேக்கலை" என்கிறீர்கள். பேசுகிறேன், கடைசி வரிசை அம்மா. எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். கல்லூரிப் படியேறுவதைவிட மேடைப் படியேறுவது கடினம் என்று இன்றுதான் தெரிந்துகொண்டேன்.

நான் எழுதி இன்று வெளியாகும் புத்தகத்தின் பெயர் "கருக்கல் படங்கள்". புதிதாய்ப் பார்ப்பவர்களுக்கும் பார்த்துப் பழகியவர்களுக்கும் ஒரு கையேடு. அகர வரிசையில் நூற்று நாற்பது தலைப்புகள். எந்தத் தலைப்பையும் எந்த நேரத்திலும் புரட்டிப் பார்க்கலாம். புத்தகம் இன்று பிறந்துவிட்டது. ஆனால் அது பிறந்த இடம், எங்கள் விடுதியின் சாப்பாட்டு ஹாலில் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைப் படக்காட்சி, இந்த மாதக் கடைசியோடு நிற்கப்போகிறது. ஆலை அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்திருக்கிறது. "கொலை, களவு, சூது ஆகியவற்றைக் காட்டும் படங்கள் பெண் தொழிலாளர் ஒழுக்கத்துக்கு உகந்தவை அல்ல" என்று அதில் எழுதியிருக்கிறது.

தலைவர் ஐயா அவர்களை அழைக்கப் போனபோது அவரிடமே கேட்டேன். அவர் சொன்னார்: "நிறுத்துனது ஏன்னு எனக்குத் தெரியுமம்மா. நிறுத்தக் கூடாதுன்னா அது ஏன்னு நீ சொல்லு. ரூமுக்குள்ள சொல்லாதே, மேடையில சொல்லு. நாலு பேரு கேக்கட்டும்." நாலு பேர் என்றார், நானூறு பேர் வந்துவிட்டீர்கள்! சொல்கிறேன்.

அது என்ன கருக்கல் படம்? இரண்டாம் உலகப் போரின் காலத்திலும் அதற்குப் பின் பத்துப் பதினைந்து ஆண்டுகளும் அமெரிக்காவில் ஒரு வகைப் படங்கள் வந்தன. வண்ணமில்லை, பாட்டில்லை, பகட்டில்லை. மழையில் நனைந்த தெரு, மங்கலான விளக்கு, மறைந்து நிற்கும் மனிதன். அவற்றை எடுத்தவர்களில் பலர் ஹிட்லருக்குத் தப்பி ஊரையும் உறவையும் விட்டு ஓடிவந்தவர்கள். பல படங்களுக்குச் செலவழிக்கப் பணமில்லை. படப்பிடிப்பு அரங்கத்தில் பாதிச் சுவர்தான் இருக்கும். மீதியை இருட்டால் மூடினார்கள். இல்லாமையை மறைக்கப் போட்ட இருட்டு, இணையில்லாத அழகாக மாறியது! போர் முடிந்து அந்தப் படங்கள் பாரிசுக்கு வந்தபோது பிரெஞ்சு விமர்சகர்கள் பார்த்துவிட்டு "ஃபிலிம் நுவார்" என்று பெயர் வைத்தார்கள். நுவார் என்றால் கறுப்பு.

கல்லூரி நூலகத்தில் அதைப் பற்றி ஒரு தடித்த ஆங்கிலக் கையேடு இருந்தது. படித்தால் புரியவில்லை. படங்களைப் பார்த்தால் மூட மனமில்லை. ஒரு கையில் அகராதி, ஒரு கையில் கையேடு என்று மூன்று வருடம் ஓடியது. பட்டம் வாங்கி, விடுதியின் எழுத்தராக இங்கே வேலைக்குச் சேர்ந்தேன். பயிற்சி அறையில் ஒரு புரொஜெக்டர் தூசி படிந்து கிடந்தது. பதிப்புரிமைக் காலம் முடிந்த பழைய படங்கள் இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கக் கிடக்கின்றன. ஞாயிறு மாலை நான்கு மணி. பக்கத்தில் நின்று வசனத்தை நான் தமிழில் சொல்வேன். இதுதான் திட்டம். அறிவிப்புப் பலகையில் ஆங்கிலத்தில் எழுதி ஒட்டினேன். நுவாருக்கு ஆங்கிலத்தில் நான்கே எழுத்து. அந்த நான்கு எழுத்து என்ன பாடு படுத்தியது தெரியுமா?

எங்கள் வாயில் காவலர் குமாரசாமி அண்ணன் அதை எழுத்துக் கூட்டிப் படித்தார். போகிற வருகிற எல்லோரிடமும், "ஞாயித்துக்கிழம நாயர் படமுங்க! ஹால்ல போடறாங்கொ!" என்று சொல்லிவிட்டார்.

சிரியுங்கள், சிரியுங்கள். அண்ணனும் அதோ கதவருகில் சிரிக்கிறார். அன்று நான் சிரிக்கவில்லை! நாயர் படமென்றால் மலையாளப் படம் என்று, எதிரே டீக்கடை வைத்திருக்கும் பாலக்காட்டு மாஸ்டர் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்துவிட்டார். மலையாளப் படம் என்ற சொல் விமலாராணி அம்மாவின் காதில் விழுந்தது. ஒரு காலத்தில் நம் ஊர்ச் சுவர்களில் எந்த மாதிரி மலையாளப் படங்களுக்குச் சுவரொட்டி ஒட்டினார்கள் என்பது பெரியவர்களுக்குத் தெரியும். நான் விளக்க வேண்டியதில்லை.

"என்ன அம்மணி இது? பொண்ணுங்க தங்கற எடத்துல போடற படமா இது?"

"மலையாளம் இல்லீங்கம்மா. இங்கிலீசுப் படமுங்க."

"அது இன்னும் மோசம்!"

"கறுப்புப் படமுங்கம்மா..."

"நீலப் படம்னு கேட்டிருக்கறேன். இதென்ன புதுசாக் கறுப்பு?"

என்ன சொல்வேன்? எப்படிச் சொல்வேன்? எந்தச் சொல்லால் சொல்வேன்? கடைசியில் அம்மா ஒரு நிபந்தனை போட்டார். "நான் முன்னாடி உக்காந்து பாப்பேன். ஒரு சீன் சரியில்லீன்னாலும் எந்திரிச்சு நிறுத்திப்போடுவேன். அதோட சரி."

பாருங்கள் என்றேன், படம் ஓடியது. ரயில் நிலையத்தில் சாமான் அறைக் குமாஸ்தா ஒருவன். நல்லவன். ஒரு பெண் ஒரு பெட்டியைக் கொண்டுவருகிறாள். "இரண்டே நாள் வைத்திருங்கள். பதிவேட்டில் எழுத வேண்டாம். யாரிடமும் சொல்ல வேண்டாம்." அவன் சரி என்கிறான். அவ்வளவுதான். அந்த ஒரு "சரி"யிலிருந்து ஒன்றரை மணி நேரம் அவன் சரிந்துகொண்டே இருக்கிறான்.

விமலாராணி அம்மா எழுந்திருக்கவே இல்லை! படம் முடிந்தும் எழுந்திருக்கவில்லை. மெல்லக் கேட்டார்: "இது விடியறதுக்கு முன்னாடியா, பொழுது சாயறப்பவா? கடைசில அவன் நிக்கறான் பாரு, அந்த வெளிச்சம்."

"தெரியலீங்கம்மா."

"கருக்கல்னு சொல்லிப்போடு. ரெண்டுக்கும் அதுதான பேரு."

பாரிசு நகரத்து அறிஞர்கள் கறுப்பு என்றார்கள். பெருந்துறை விடுதிக் காப்பாளர் கருக்கல் என்றார்! கறுப்பு முடிந்த முடிவு. கருக்கலோ இரண்டு பக்கமும் திறந்த கதவு. அதன் வழியே இரவுக்குள்ளும் போகலாம், பகலுக்குள்ளும் வரலாம். என் புத்தகத்துக்குப் பெயர் அன்றே கிடைத்துவிட்டது.

அதன் பிறகு வாரந்தோறும் படம். அக்காமார் கேட்ட கேள்விகளைச் சீட்டில் குறித்து வைத்தேன். அந்தச் சீட்டுகள்தாம் இந்தக் கையேடு. "பின்கதை" என்ற தலைப்பைப் புரட்டுங்கள். இந்தப் படங்கள் பலவற்றில் கதாநாயகன் முடிவிலிருந்து கதையைத் தொடங்குவான். ஜாஹிதா கேட்டாள்: "முதல்லயே மாட்டிக்கிட்டேன்னு சொல்லிப்போட்டா அப்பறம் எதுக்குங்கக்கா பாக்கறது?" பக்கத்திலிருந்த கோமளா அக்கா சொன்னார்: "எங்க வழுக்குச்சுன்னு பாக்கத்தான். வழுக்குன எடந் தெரிஞ்சாத்தான கால பாத்து வெக்கலாம்?" ஆய்வாளர்கள் அதற்கு அத்தியாயம் அத்தியாயமாக எழுதியிருக்கிறார்கள், நான் கோமளா அக்காவின் பதிலை அப்படியே அச்சேற்றியிருக்கிறேன்.

"நாசக்காரி" என்று இன்னொரு தலைப்பு. அழகால் ஆணை அழிப்பவள் என்று ஆங்கிலக் கையேடுகள் அவளை வரையறுக்கின்றன. அதைப் படித்துக் காட்டினேன். கோமளா அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏனுங்க லின்சி, போன வாரப் படத்துல அந்தப் புள்ளய அவ ஊட்டுக்காரன் வாசப்படி தாண்ட உட்டானா? ஒரு போன் பேச உட்டானா? அவ செஞ்சது தப்புத்தான். ஆனா அழகுதான் காரணம்னு எழுதுனவன் அவ மூஞ்சிய மட்டுந்தான் பாத்திருக்கறான்." கையேட்டில் அந்தத் தலைப்பின் கீழ் இரண்டு விளக்கங்கள் இருக்கின்றன. ஒன்று அறிஞர்களுடையது, ஒன்று அக்காவுடையது. எது சரி என்று நீங்கள் படம் பார்த்துச் சொல்லுங்கள்.

இப்போது நான் சொல்லப்போவதைப் பிரீத்திகாவின் அனுமதியோடு சொல்கிறேன். "பேரச் சொல்லியே சொல்லுங்கக்கா" என்றாள். இரண்டாவது வரிசையில் இருக்கிறாள்.

பிரீத்திகாவுக்குப் பத்தொன்பது வயது. பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண். கைப்பேசியில் அறிமுகமான ஒருவர், வெளிநாட்டுக் கப்பல் நிறுவனத்தில் வேலை வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். இனிக்க இனிக்கப் பேசியிருக்கிறார். அசல் சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை காலை கோயம்புத்தூரில் மேட்டுப்பாளையம் பஸ் நிற்கிற இடத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார். இவளும் பையைக் கட்டிவிட்டாள். யாருக்கும் தெரியாது. அவளோடு ஒரே அறையில் படுக்கும் ஐந்து பேருக்கும் தெரியாது!

அதற்கு முந்தைய ஞாயிறு. வேறொரு படம். வேறொரு ஊர், வேறொரு ஆள், வேறொரு ஏமாற்று. நான் பக்கத்தில் நின்று வசனத்தைச் சொல்லிக்கொண்டு வருகிறேன்: "நமக்குள்ளேயே இருக்கட்டும். யாரிடமும் சொல்ல வேண்டாம்." சொன்ன மாத்திரத்தில் பிரீத்திகா எழுந்து வெளியே போய்விட்டாள். படம் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

அவள் விமலாராணி அம்மாவின் அறை வாசலில் போய் நின்றிருக்கிறாள். "அம்மா, என்கிட்டயும் ஒருத்தர் இதையே சொன்னாருங்க" என்றிருக்கிறாள். அம்மா அவள் கைப்பேசியை வாங்கி அந்த எண்ணுக்குப் பேசினார். "பிரீத்திகாவோட அம்மா பேசறேனுங்க. எந்தக் கம்பெனின்னு சொன்னீங்கன்னா நானும் கூட வாரேன்." மறுமுனை துண்டித்தது. அதன் பிறகு அந்த எண் உயிரோடு இல்லை. சான்றிதழ்கள் பத்திரமாக இருக்கின்றன. பிரீத்திகா பத்திரமாக இருக்கிறாள். அஞ்சல் வழியில் இந்த ஆண்டு பட்டப்படிப்பில் சேர்ந்திருக்கிறாள்! கைதட்டுங்கள், எனக்காக அல்ல. எழுந்து வெளியே நடந்த அந்தக் கால்களுக்காகக் கைதட்டுங்கள்!

அன்று விமலாராணி அம்மா என்னிடம் சொன்னார்: "எட்டு வருசமாச் சொல்றேன், தெரியாதவன் பேச்சக் கேக்காதீங்கடீன்னு. ஒருத்தி காதுலயும் ஏறல. உன் படத்துல எவனோ ஒருக்கா சொன்னான், ஏறிப்போச்சு. எனக்குப் பொறாமையா இருக்குது போ!"

மதிப்பிற்குரிய ஐயா! சுற்றறிக்கை சொல்வது பொய்யல்ல. இந்தப் படங்களில் கொலை உண்டு. களவு உண்டு. சூது உண்டு. ஆனால் இவையெல்லாம் எங்கள் பெண்களுக்குச் சாப்பாட்டு ஹாலின் திரையிலா அறிமுகமாகின்றன? பேருந்து நிலையத்தில் இல்லையா? கைப்பேசியில் இல்லையா? சிரித்த முகத்தோடு, சீவிய தலையோடு, "தங்கச்சி" என்று அழைத்துக்கொண்டு அவை வருவதில்லையா? இருட்டைக் காட்டாமல் வளர்த்தால் இருட்டு வராமல் போய்விடுமா? வெளியே தனியாக நின்று சூதைச் சந்திப்பதைவிட, நாற்பது பேர் தோளோடு தோள் சேர்ந்து உட்கார்ந்து, வேர்க்கடலை தின்றுகொண்டு, "போகாதடா, மாட்டிக்குவே!" என்று திரையைப் பார்த்துக் கத்திக்கொண்டு சந்திப்பது நல்லதல்லவா? வாரத்தில் ஆறு நாள் இயந்திரத்தின் சத்தத்தில் பேசாமல் இருக்கும் பெண்கள் ஏழாம் நாள் வாய்விட்டுப் பேசுகிறார்கள் ஐயா! எது சரி, எது சறுக்கல், எங்கே நின்றிருக்கலாம், எப்போது திரும்பியிருக்கலாம் என்று படுக்கப் போகும்வரை பேசுகிறார்கள். ஒழுக்கம் என்பது இந்தப் பேச்சுத்தான் என்று நான் நம்புகிறேன். ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம். நாங்கள் கேட்பது அதுவே. எங்களுக்குத் தாருங்கள் ஐயா!

நான் சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டேன்.

ஐயா ஏதோ கேட்கிறார். ஒரு நிமிடம். மைக்கைத் திருப்புகிறேன், சொல்லுங்கள் ஐயா.

"ஞாயித்துக்கிழமை கரண்டு போனா என்ன பண்ணுவீங்க?"

போயிருக்கிறது ஐயா, இரண்டு முறை. மீதிக் கதையை ஆளுக்கொரு விதமாக நாங்களே சொல்லி முடித்துக்கொண்டோம்.

"அப்படி வேண்டாம். பாதில நின்னா நல்லாருக்காது. சாப்பாட்டு ஹாலுக்கும் ஜெனரேட்டர்ல இருந்து ஒரு லைன் இழுத்துப்போடச் சொல்றேன்."

கேட்டீர்களா? கேட்டீர்களா அக்காமாரே! ஐயா, அப்படியானால் சுற்றறிக்கை...

"எந்தச் சுற்றறிக்கை?"

எழுந்து நிற்காதீர்கள், உட்காருங்கள், உட்காருங்கள்! என் தாயே, நீங்கள் அழாதீர்கள், அப்புறம் எனக்கு நன்றியுரை வராது. தலைவர் ஐயாவுக்கு நன்றி. ஒரு சொல்லைத் தந்த விமலாராணி அம்மாவுக்கு நன்றி. புத்தகத்தை அச்சிட்டவர்களுக்கும், அதில் பாதியைப் பேசியே எழுதிய என் தோழிமாருக்கும் நன்றி. ஜாஹிதா கை தூக்குகிறாள், என்னம்மா?

"இந்த வாரம் என்ன படமுங்கக்கா? முடிவு நல்ல முடிவுங்களா?"

முடிவை நான் புத்தகத்திலேயே எழுதவில்லை, மேடையிலா சொல்வேன்? ஞாயிறு நான்கு மணிக்கு வா, வந்து பார். இங்கிருக்கும் எல்லோருக்கும் அதே அழைப்பு, அதே அன்பு. வணக்கம்.