நானூற்றுப் பன்னிரண்டு முடிச்சுகளை அவிழ்த்த போடில் ராவ்ன்ஹோல்ட்

மேடையில் வீற்றிருக்கும் போதகர் கிர்ஸ்டன் அவர்களே, துறைமுக அதிகாரி தோர்வால்ட் அவர்களே, திருச்சபைக் குழுத் தலைவர் ப்ரேபன் ஹோவ்மன் அவர்களே, காலையில் கல்லறைத் தோட்டத்துக் குளிர்காற்றில் நின்றுவிட்டு இங்கே வந்து அமர்ந்திருக்கும் வெஸ்டர்ஹவ்ன் மக்களே!

பத்து நிமிடத்தில் முடிக்க வேண்டும், காபி ஆறிவிடும் என்று தோர்வால்ட் என்னிடம் சொன்னார். தோர்வால்ட் அவர்களே, நான் முப்பத்தொன்பது ஆண்டுகள் இந்த ஊர்ப் பள்ளியில் பாடம் நடத்தியவன். எடுத்துக்காட்டு சொல்லாமல் எனக்கு எதையும் விளக்கத் தெரியாது. அதனால் காபி ஆறத்தான் செய்யும்.

நாம் யாரை இழந்திருக்கிறோம்? இருபத்தெட்டு ஆண்டுகள் சரக்குக் கப்பல்களில் தந்தி அதிகாரியாக உலகைச் சுற்றியவரை. ஆண்கள் மட்டுமே இருந்த கப்பலில், தலையில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, நடுக்கடலில் யார் உதவி கேட்டாலும் முதலில் கேட்டவரை. இறங்கிய துறைமுகங்களில் எல்லாம் மற்றவர்கள் சாராயக்கடையைத் தேட, பழைய சாமான் கடையைத் தேடிப் போனவரை! நம் கடற்பொருள் சேகரிப்புச் சங்கத்தை நிறுவி, கப்பல் பாய் தைக்கும் பழைய கொட்டகையில் ஆயிரத்து எழுநூறு பொருள்களை அடுக்கி வைத்த தலைவர் போடில் ராவ்ன்ஹோல்ட் அவர்களை!

அவர் கண்ணைப் பற்றி ஒன்று சொல்கிறேன். ஒருமுறை தலைநகரிலிருந்து ஒரு கலைப்பொருள் வியாபாரி பெரிய ஓவியம் ஒன்றைக் கொண்டுவந்தார். நம் ஊர்ப் பாய்மரக் கப்பல், நூற்றிருபது ஆண்டுப் பழமை, கீழே கேப்டன் பெயர்கூட எழுதியிருக்கிறது என்றார். சங்கத்தில் எல்லோரும் வாயைப் பிளந்தோம். போடில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு நிமிடம் பார்த்தார்.

"ஏம்ப்பா, காத்து எந்தப் பக்கமிருந்து அடிக்குது?"

"இடது பக்கமிருந்து, அம்மா. பாய் எல்லாம் வலது பக்கம் புடைச்சு நிக்குது பாருங்க."

"அப்ப கரையில இருக்கிற புகைபோக்கிப் புகை ஏன் இடது பக்கம் போகுது? கொடி ஏன் இடது பக்கம் பறக்குது? அதுங்களுக்கு மட்டும் தனிக் காத்தா?"

"அது... ஓவியரோட கற்பனை."

"கப்பல் படம் வரையறவன் கற்பனை பண்ணினா கேப்டன் அவனைக் கடல்ல தூக்கிப் போட்டிருப்பான். ஒவ்வொரு கயிறையும் எண்ணிப் பார்த்துட்டுத்தான் அந்தக் காலத்துல படத்தை வாங்குவாங்க. இதை வரைஞ்சவன் கப்பலைப் பார்த்ததே இல்ல. காபி குடிச்சிட்டுக் கிளம்பு."

வியாபாரி காபிகூடக் குடிக்கவில்லை.

பொருள்களை அவர் எப்படிப் பேணினார்? எதையும் துலக்கக் கூடாது, எதையும் பிரிக்கக் கூடாது. அதுதான் அவருடைய சட்டம். மேடையில் இருக்கும் தோர்வால்ட் இதற்குச் சாட்சி! போடிலின் எழுபதாவது பிறந்தநாளுக்கு அவரை மகிழ்விக்க நினைத்து, கொட்டகையிலிருந்த கப்பல் மணியைப் புளிக்காடி போட்டுத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கி வைத்தார். கேக்கோடு உள்ளே வந்த போடில் மணியைப் பார்த்தார். கேக்கைக் கீழே வைத்தார்.

"தோர்வால்ட், அறுபது வருஷ உப்பு அதுல இருந்துச்சு. எந்தக் கடல்ல போச்சுன்னு அந்த உப்புதான் சொல்லும். இப்ப உன் மூஞ்சிதான் அதுல தெரியுது. அதை யாருய்யா பார்க்க வருவா?"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், அவர் அதைத்தான் விரும்புவார். ஆனால் இந்தச் சட்டத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் வாழ்வின் மிகப் பெரிய தவறும் இதிலிருந்துதான் பிறந்தது. மிகப் பெரிய வெற்றியும் அந்தத் தவறிலிருந்துதான் பிறந்தது.

மார்ச் முதல் ஞாயிறு நம் ஊருக்கு என்ன நாள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குளிர்காலம் முடிந்து கப்பல்கள் புறப்பட்ட நாள். கடலுக்குப் போய்த் திரும்பாத கேப்டன்களின் பெயர்களைக் கோவிலில் வரிசையாக வாசிப்போம். பெயர் வாசிக்கப்பட்டதும் அந்தக் குடும்பத்தார் எழுந்து நிற்பார்கள். நூற்றுமூன்று பெயர்கள். அதில் ஒரு பெயர் மட்டும் இல்லாமல் இருந்தது. ஆல்மா என்ற கப்பலின் கேப்டன் அந்தோன் கிளிட்கோர்!

ஏன் இல்லை? ஆயிரத்துத் தொள்ளாயிரத்து மூன்றில் ஆல்மா இரண்டு ஆள் குறைவாக ஊர் திரும்பியது. லௌரிட்ஸ் ஹோவ்மன், மாத்தியாஸ் ஹோவ்மன். கப்பல் முதலாளியின் பிள்ளைகள், இருபத்திரண்டும் பத்தொன்பதும் வயது. மூழ்கும் கப்பல் ஒன்றிலிருந்து ஆட்களைக் காப்பாற்றினோம், கடைசித் தடவை படகில் போன அந்த இருவரும் திரும்பவில்லை என்று கேப்டன் சொன்னார். காப்பாற்றிய ஆட்கள் எங்கே, ஒருவரையாவது கொண்டுவா பார்ப்போம் என்றது ஊர். அவர்கள் அயல்நாட்டுத் துறைமுகத்தில் இறங்கிப் போயிருந்தார்கள். மற்ற மூன்று மாலுமிகளும் வெளிநாட்டில் ஏறியவர்கள், வெளிநாட்டிலேயே இறங்கிவிட்டார்கள். அடுத்த வசந்தத்தில் கேப்டனோடும் பயணக் குறிப்பேட்டோடும் ஆல்மாவும் மூழ்கியது. சாட்சி இல்லை. ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது: தன் ஆட்களைக் கடலில் விட்டுவிட்டு ஓடிவந்தவன்!

அந்தக் கேப்டனின் பேரன் இதோ, இரண்டாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். சிக்வார்ட், எண்பத்துநான்கு வயது. படகுத்துறையில் ஐம்பது ஆண்டுகள் இயந்திரம் பார்த்தவர். ஒவ்வொரு மார்ச்சும் கோவிலுக்கு வருவார், கடைசி வரிசையில் உட்காருவார். தன் குடும்பப் பெயர் வரவேண்டிய இடம் நெருங்கும்போது தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். யாராவது ஒருநாள் அவரைத் தடுத்தோமா?

இனி அந்தத் தொலைநோக்கிக்கு வருகிறேன். எழுபத்துநாலாம் ஆண்டு, ஸ்காட்லாந்தின் லீத் துறைமுகத்தில், ஒரு பழைய சாமான் கடையில் போடில் வாங்கியது. பித்தளைக் குழாய். அதன்மேல் எவனோ ஒரு மாலுமி தார் பூசிய மெல்லிய கயிற்றால் நுனிமுதல் அடிவரை முடிச்சுப் பின்னல் போட்டிருந்தான். ஈரக் கையில் வழுக்காமல் இருக்க அப்படிச் செய்வார்கள். பின்னலின் அழகைப் பார்த்துத்தான் போடில் அதை வாங்கினார். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவே இல்லை. எதையும் பிரிக்கக் கூடாதே!

நாற்பத்தெட்டு ஆண்டுகள் அது ஒரு பெட்டியில் கிடந்தது. பிறகு ஓர் எலி வந்தது. அந்த எலியை நம் சங்கத்தின் கௌரவ உறுப்பினராகவே சேர்த்திருக்க வேண்டும். கயிற்றை ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குக் கொறித்திருந்தது. உள்ளே பித்தளையில் பொறித்த எழுத்துகள் கொஞ்சம் தெரிந்தன. "...கிளிட்" என்று முடிந்தது அந்தத் துண்டு.

அன்று மாலை எனக்குத் தொலைபேசி வந்தது. "வாத்தியாரே, நோட்டுப் புத்தகமும் பென்சிலும் எடுத்துட்டு வா. கேள்வி கேட்காதே."

கத்தியால் ஒரே இழுப்பில் அறுத்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். நானும் அதைத்தான் சொன்னேன். என்னை முறைத்தார். "இதைப் பின்னினவன் பேர் நமக்குத் தெரியாது. அவன் விட்டுட்டுப் போனது இது ஒண்ணுதான். ஒருத்தன் பேரைக் கண்டுபிடிக்க இன்னொருத்தனை அழிக்கச் சொல்றியா?"

மூட்டுவலியால் வளைந்த விரல்கள். பாய் தைப்பவர்களின் எலும்பு ஊசி ஒன்று. ஒவ்வொரு முடிச்சாக அவிழ்ப்பார், நான் எண் போட்டுப் படம் வரைவேன், கயிறு எந்த வளைவில் இருந்ததோ அதே வளைவில் பலகையில் குத்தி வைப்பார். இருபத்துமூன்று நாள். நானூற்றுப் பன்னிரண்டு முடிச்சு! பொறுமைக்கு எடுத்துக்காட்டு சொல்ல நான் பள்ளியில் எறும்பையும் சிலந்தியையும் தேடிக்கொண்டிருந்தேனே, எவ்வளவு வீண்!

கடைசி முடிச்சு அவிழ்ந்தபோது எழுத்துகள் முழுவதும் வெளியே வந்தன. தன் மாலுமிகளைக் காப்பாற்றும் அயல்நாட்டுக் கேப்டன்களுக்கு பிரிட்டிஷ் அரசு அந்தக் காலத்தில் தந்த பரிசு அது. படிக்கிறேன், கேளுங்கள்:

"டென்மார்க் நாட்டு ஆல்மா கப்பலின் கேப்டன் அந்தோன் கிளிட்கோருக்கு. 1903 நவம்பரில் மூழ்கும் கப்பலிலிருந்து பதினொரு பேரைக் காப்பாற்றியதற்காகவும், தாமாக முன்வந்து படகேறித் திரும்பாத லௌரிட்ஸ், மாத்தியாஸ் ஹோவ்மன் ஆகியோருக்காக இரண்டு பகல் இரண்டு இரவு அதே புயலில் காத்து நின்றதற்காகவும்."

காத்து நின்றார்! ஓடவில்லை, காத்து நின்றார்! பரிசு செதுக்கப்பட்டு வருவதற்குள் அவர் கடலுக்குள் போய்விட்டார். வாங்க வேண்டியவரே இல்லாததால் ஊருக்கு அனுப்பப்படாத தொலைநோக்கி கைமாறிக் கைமாறிக் கடைக்கு வந்து சேர்ந்தது.

போடில் மகிழ்ந்தாரா? இல்லை. தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். நாற்பத்தெட்டு ஆண்டுகளாக, போடில் ஊரில் இருந்த வியாழக்கிழமைதோறும் சிக்வார்ட் அவர் வீட்டில் சீட்டாடியிருக்கிறார். பெட்டி இருந்தது அவர்கள் தலைக்கு மேலே, பரணில். மறுநாள் அவர் சிக்வார்டைத் தேடிப் போனார். நானும் கூடப் போனேன்.

சிக்வார்ட் அந்த எழுத்துகளை மூன்று முறை படித்தார்.

"இது உன் பரண்லயா இருந்துச்சு?"

"ஆமா."

"நான் கீழ உட்கார்ந்து சீட்டு விளையாடிக்கிட்டிருந்தப்பவா?"

"ஆமா, சிக்வார்ட். என் சட்டத்தைக் கட்டிக்கிட்டு அழுதேன். ஒரு தடவ ஓரத்தைத் தூக்கிப் பார்த்திருந்தா உன் அப்பா இருந்தப்பவே தெரிஞ்சிருக்கும். என்னைத் திட்டு."

அவர் குழாயைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "நாலு தடவ என்னை ஏமாத்தி ஜெயிச்சியே, அதுக்கு வேணா திட்டுறேன்" என்றார்.

"அஞ்சு தடவ."

"இந்தக் குழாய் எனக்கு வேண்டாம், போடில். கொட்டகையில வெச்சிடு. தாத்தா பேரை மட்டும் வாசிக்கச் சொல்லு. நான் இன்னும் எத்தனை மார்ச்சுக்கு இருப்பேன்?"

பெயரைச் சேர்க்க வேண்டுமானால் திருச்சபைக் குழு ஒப்ப வேண்டும். குழுத் தலைவர் யார்? ப்ரேபன் ஹோவ்மன், அந்த இரு சகோதரர்களின் குடும்பத்தவர். ப்ரேபன் அவர்களே, இதைச் சொல்ல உங்களிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். முதலில் அவர் ஒப்பவில்லை.

"பித்தளையில யார் வேணா எதை வேணா செதுக்கலாம். குழாய் சாட்சி சொல்லுமா?"

போடில் பதில் வாதம் செய்யவில்லை. பிரிட்டிஷ் அரசின் எந்தப் பதிவேட்டைக் கேட்டு எழுதினால் சரிபார்க்கலாம் என்று ஒரு காகிதத்தை நீட்டினார். பிறகு தொலைநோக்கியை அவர் கையில் கொடுத்தார். "எழுதிக் கேளு. அதுக்கு முன்னால நீயே ஒரு தடவ படி. மனசுக்குள்ள இல்ல, சத்தமா."

ப்ரேபன் படித்தார். "தாமாக முன்வந்து படகேறி" என்ற இடத்தில் அவர் குரல் நின்றது.

"எங்க வீட்டுக் கூடத்துல ரெண்டு பேர் படமும் இருக்கு" என்றார். "பாவம், விட்டுட்டுப் போயிட்டான்னுதான் எல்லாரும் அழுவாங்க. இவங்க பதினொரு பேரைக் காப்பாத்தினவங்கன்னு ஒருத்தர்கூடச் சொன்னதில்ல. எங்களுக்கே தெரியாது."

நண்பர்களே, இது எப்படிப்பட்ட வெற்றி! ஒரு குடும்பத்தின் பழி நீங்கியது என்றுதான் நினைத்தோம். இன்னொரு குடும்பத்துக்கு இரண்டு வீரர்கள் கிடைத்தார்கள்! ஆறு வாரத்தில் பதிவேட்டின் நகல் வந்தது. எழுத்துக்கு எழுத்து உண்மை. குழுவில் முதலில் கை தூக்கியவர் ப்ரேபன்.

கடந்த மார்ச் முதல் ஞாயிறு. போதகர் கிர்ஸ்டன் பெயர்களை வாசித்துக்கொண்டே வந்தார். சிக்வார்ட் தொப்பியைக் கையில் எடுத்தார். ஆனால் அவர் போகவில்லை. தொப்பியைப் பிடித்துக்கொண்டே இருந்தார். "ஆல்மா, கேப்டன் அந்தோன் கிளிட்கோர்." நூற்றுப் பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு! சிக்வார்ட் எழுந்து நின்றார். முன் வரிசையில் ப்ரேபனும் எழுந்து நின்றார். சக்கர நாற்காலியில் இருந்த போடிலால் எழ முடியவில்லை. கைத்தடியை உயரத் தூக்கிப் பிடித்தார், பாய்மரம் மாதிரி!

ஏழு வாரம் கழித்துப் போய்விட்டார். அதற்குள் அந்த நானூற்றுப் பன்னிரண்டு முடிச்சையும் ஒரு மரக்கோலின்மேல் முன்பு இருந்தபடியே மறுபடியும் போட்டு முடித்திருந்தார். தொலைநோக்கிக்குப் பக்கத்தில் அது இருக்கிறது. பெயர் தெரியாத அந்த மாலுமியும் அழியவில்லை.

இப்படி வாழ்ந்தவருக்கு நாம் அழுவதா? தலை நிமிர்ந்து நிற்போம்! கொட்டகையில் இன்னும் முப்பத்தொரு பெட்டிகள் பிரிக்கப்படாமல் இருக்கின்றன. வியாழன்தோறும் மாலை ஆறு மணிக்குச் சங்கம் கூடும், ஒவ்வொரு பெட்டியாகத் திறப்போம் என்று உங்கள் முன்னால் உறுதி கூறுகிறேன். தோர்வால்ட் வரலாம், புளிக்காடியை வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டும்.

என் பங்குக்கு இன்னொரு உறுதி இருக்கிறது. முப்பத்தொன்பது ஆண்டுகள் நான் எடுத்துக்காட்டு சொன்னவன் என்றேன். பொறுப்பின்மைக்கு நான் சொன்ன எடுத்துக்காட்டு என்ன தெரியுமா? கேப்டன் கிளிட்கோர். விசாரிக்காமல், ஆண்டுதோறும், கரும்பலகையில் பெயரை எழுதிச் சொன்னேன். இங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் அதை என்னிடம்தான் கற்றீர்கள். அந்த வகுப்பு ஒன்றில் சிக்வார்டின் மகள் அன்னெலீஸ் உட்கார்ந்திருந்தாள். பத்து வயது. அவள் முகத்தை நான் பார்த்தேனா என்பதுகூட எனக்கு நினைவில்லை.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பள்ளியில் எனக்கு ஒரு வகுப்பு கேட்டு வாங்கியிருக்கிறேன். நேற்று அன்னெலீஸ் தொலைபேசியில் கூப்பிட்டாள். இப்போது ஐம்பத்தெட்டு வயது.

"சார், திங்கட்கிழமை நானும் வந்து உட்காரலாமா?"

"வாம்மா. முன் பெஞ்சிலேயே உட்காரு."

"பாடத்தை எங்கேயிருந்து ஆரம்பிப்பீங்க, சார்?"

'நான் உங்களுக்குத் தவறாகச் சொல்லிக்கொடுத்தேன்' என்ற வாக்கியத்திலிருந்து, அம்மா. தவறை எப்படி ஒப்புக்கொள்வது என்று போடில் ராவ்ன்ஹோல்ட் சிக்வார்ட் வீட்டு வாசலில் நின்று சொல்லிக்காட்டினார். நான் கரும்பலகையின் முன் நின்று சொல்லப்போகிறேன்.