சாணி துடைத்த கை

கிட்ட வந்து உட்காருங்கள். விளக்கைத் தணிக்க வேண்டாம். இது பகல் பேய்.

நம் லோகநாதனுடைய பெரியப்பா திருவேங்கடத்துக்கு நடந்தது. முப்பத்தேழாம் வருஷம், சித்திரை மாதம், உச்சிவேளை சரியாகப் பன்னிரண்டு. பட்டாபிராம் ஏரிக்கரையில் அவர் சைக்கிள் மட்டும் போகிறது. ஒரு காக்கைகூட இல்லை. ஹேண்டில்பாரில் தகரப்பெட்டி டங்... டங்... என்று ஆடுகிறது.

ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளுக்கு அம்மை குத்துவது அவர் உத்தியோகம். பெட்டிக்குள் கண்ணாடிக் குழாயில் அம்மைப்பால். ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வைக்க வேண்டும். வெயில் பட்டால் செத்துப்போகும். குத்தின எட்டாம் நாள் திரும்பிப் போய்க் கையைப் பார்க்க வேண்டும். கொப்புளம் கட்டியிருந்தால், உடம்பு அந்த நோயின் முகத்தைப் பார்த்து வைத்துக்கொண்டது என்று அர்த்தம். பிறகு நிஜ அம்மை வந்தால் வாசலிலேயே அடித்துத் துரத்தும். கட்டாவிட்டால் மறுபடி குத்த வேண்டும்.

முந்தைய வருஷம் இந்த மகானுபாவர் என்ன செய்தார்? நசரத்பேட்டைக் கள்ளுக்கடையில் ஒன்றரை மணி நேரம். பெட்டி வெளியே, வெயிலில். அந்தச் செத்த பாலை முப்பத்திரண்டு பிள்ளைகளுக்குக் குத்தினார். எட்டாம் நாள் போகவில்லை. வீட்டில் சாய்ந்துகொண்டே ரிஜிஸ்தரில் 'எல்லாம் பொங்கியது' என்று எழுதினார்.

ஆடியில் அம்மை இறங்கியது. பதினோரு பிள்ளைகள்...

மேலே இருந்த துரை கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை நினைத்தால் இன்றைக்கும் என் கை சும்மா இருக்க மறுக்கிறது.

"பொம்பளைங்க சாணிய வெச்சித் தொடச்சிட்டாங்க சார்."

குத்தின இடத்தைப் பயந்துபோய் அப்படித் துடைத்தவர்களும் உண்டு. அதனால்தான் எல்லாரும் நம்பினார்கள். வேம்புலியம்மாள் துடைக்கவில்லை. நாலு வயது மகள் வடிவின் கையில் ஈ உட்காராமல் எட்டு நாளும் விசிறினாள். எட்டாம் நாள் தெருவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிள்ளை போயிற்று. பெற்றவளே கொன்றுவிட்டாள் என்று புருஷன் வீடு துரத்தியது. பத்தே நாளில் அதே அம்மையில், தனியாகச் செத்தாள்.

எங்கே? அந்த ஏரிக்கரையில்தான்.

செயின் சத்தம் நின்றது. மிதிக்கிறார்... சத்தமில்லை. வேப்பிலை வாசனை. கூடவே பச்சைச் சாணி. பனைமரத்தடியில் இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி. நிழல் இல்லை. உச்சிவேளையில் யாருக்கும்தான் இல்லை, அதனால் அவர் பயப்படவில்லை. முகத்தைப் பார்த்த பிறகு பயந்தார்.

"எட்டாம் நாள் வரேன்னியே நைனா. இன்னா, மறந்துட்டியா?"

அவர் சைக்கிளைத் திருப்பப் பார்த்தார்.

"நான் தொடைக்கல. தொரைகிட்டப் போயி அத்த மட்டும் சொல்லு. வுட்டுர்றேன்."

பேயே வந்து நிற்கிறது. அந்த மனுஷன் சொன்னார்: "உத்தியோகம் பூடும்மா."

அவள் தலையாட்டினாள். "செரி. நான் தொடச்சேன்னுதானே சொல்லிகினு கீற? தொடச்சிர்றேன்."

ஜில்லென்று ஒரு கை. அவர் சட்டைக்குள்ளே, இடது தோளுக்குக் கீழே, ஒரே இழுப்பு.

வீட்டுக்கு வந்து கழுவினார். சாணி போயிற்று. சிறு வயதில் அவருக்குக் குத்திய நாலு தழும்பும் கூடவே போயிருந்தன. கை மழமழவென்று இருந்தது.

வைகாசியில் மணல்வாரி அம்மை கண்டது. ஏழு வயதில் வந்து போனதுதான். ஆனியில் பொன்னுக்குவீங்கி, அதுவும் பழைய ஆள். உடம்பு ஒவ்வொரு முகமாக மறந்துகொண்டு வந்தது. ஆடி பிறந்ததும் வந்தது யாரென்று நான் சொல்ல வேண்டாம்.

ஜுர வேகத்தில், "வேம்புலி தொடைக்கல! வேம்புலி தொடைக்கல!" என்று கத்தினார். கேட்டது பெண்சாதி தாட்சாயிணி ஒருத்திதான். ஊருக்குத் தெரிந்தால் மானம் போகும் என்று கதவைச் சாத்தினாள்.

பாடையில் கிடத்தும்போது இடது கையில் பச்சைச் சாணி. துடைத்தார்கள். திரும்ப ஈரமாய் வந்தது. மறுபடி துடைத்தார்கள்...

அப்புறம்தான் உற்றுப் பார்த்தார்கள். பூச்சு இல்லை அது. ஐந்து விரல். நாலு வயதுக் கை.