மூக்கில்லாத இளைஞன்

உலகத்துக்கு ஒளி கொடுத்தவர்கள் கிரேக்கர்களாகிய நாங்கள். மற்றவர்கள் தோலைப் போர்த்திக்கொண்டு காட்டில் அலைந்த காலத்திலேயே அழகையும் அளவையும் சலவைக்கல்லில் செதுக்கி வைத்தவர்கள். எங்கள் அருங்காட்சியகத்தின் கழிப்பறை விளக்கு போன ஈஸ்டரிலிருந்து எரியவில்லை. கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு கூடத்து வெளிச்சத்தில்தான் காரியத்தை முடிக்க வேண்டும்.

காவல்துறை அதிகாரி மவ்ரூடி அவர்களே, நான் வந்து உட்கார்ந்ததும் நீங்கள் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தீர்கள். வெளியே டிசம்பர் காற்று. உங்கள் உதவியாளர் கோட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டார். நீங்கள் பொருட்படுத்தவில்லை. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, இந்த ஊரில் மூக்கு வேலை செய்கிற இன்னொரு ஆள் இருக்கிறார் என்று. ஆகவே உங்களிடம் ஒளிக்காமல் சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை.

என் பெயர் எபாமினோண்டாஸ். பழங்காலத் தீப்ஸ் நகரத்தின் பெரிய தளபதி ஒருவரின் பெயர். என் தந்தை அந்தப் பெயரை வைத்த கையோடு கசாப்புக் கடைக்குத் திரும்பிப் போய் ஆட்டை வெட்டினார். ஊர் என்னை நோண்டாஸ் என்று சுருக்கியது. என்னோடு வேலை பார்த்த ஸ்தமாதிஸ் சாகும்வரை அப்படித்தான் கூப்பிட்டார்.

அருங்காட்சியகத்தில் காவலர்கள் நாங்கள் இருவர்தான். நான் தலைமைக் காவலர். தலைமை தாங்கப்பட்டவர் ஸ்தமாதிஸ். எங்களுக்கு மேலே இயக்குநர் பொலிக்செனி. அவர் என்னைத் தன் அறைக்குள் அழைத்ததே இல்லை. பக்கத்து அறையில் இருந்துகொண்டே தொலைபேசியில் உத்தரவு போடுவார். என் சுதந்திரத்தை அவர் மதித்தார் என்று எடுத்துக்கொண்டேன்.

நாங்கள் காவல் காத்தது ஓர் இளைஞனை. சலவைக்கல்லில் ஆளுயரத்துக்கும் மேலே, அம்மணமாக, இடது காலை முன்வைத்து, கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு நிற்பவன். இரண்டாயிரத்து ஐந்நூறு வருடம் பழையவன். தோல் பதனிடும் தொட்டிக்கு அடியில் கிடைத்தான் என்பதைப் பெயர்ப்பலகையில் போடவில்லை. 'புனிதச் சூழலில் கண்டெடுக்கப்பட்டது' என்று போட்டிருக்கிறோம். அவனுடைய மூக்கு உடைந்துபோய்விட்டது. மற்றபடி முழுசாக இருக்கிறான். மூக்கு இல்லாததால்தான் அவனால் இந்த நாட்டில் இன்னும் புன்னகைக்க முடிகிறது என்று நான் நினைப்பதுண்டு.

வருகிறவர்கள் அவன் பக்கத்தில் அவனைப் போலவே காலை முன்வைத்து நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அது எங்கள் நாட்டில் எந்த அருங்காட்சியகத்திலும் அனுமதி இல்லாதது. முன்னோர்களின் கலையைக் கேலி செய்யக்கூடாது. மற்ற ஊர்களில் காவலர்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடி கையை ஆட்டுவார்கள். நான் நேரே கிட்டப் போய், முகத்துக்கு முன்னால் நின்று சொல்வேன். போன மாதம் லாரிசா நகரத்திலிருந்து ஒருவர் தன் மனைவியோடு வந்தார். தொப்பையைத் தள்ளிக்கொண்டு, முஷ்டியை மடக்கி நின்றார்.

"காலைப் பின்னால எடுங்க ஐயா. இது உங்க வீட்டுக் கல்யாணமில்ல."

"ஏங்க, நாமளும் இவங்க வம்சம்தானே?"

"வம்சம்னா வயித்தை உள்ள இழுத்துட்டு நில்லுங்க."

அவர் இரண்டடி பின்வாங்கினார். அவர் மனைவி கழுத்துத் துணியை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டாள். "வாங்க போயிடலாம், எனக்கு என்னமோ பண்ணுது" என்று கணவரை இழுத்துக்கொண்டு போனாள். வெட்கம். நான் பேசினால் எல்லோரும் அந்த இரண்டடி பின்வாங்குவார்கள். சொல்லில் உண்மை இருந்தால் அந்த மரியாதை தானாக வரும்.

இனி நாற்றத்துக்கு வருகிறேன்.

போன குளிர்காலத்தில் அது தொடங்கியது. முதலில் லேசாக, பூ வாடிய தண்ணீர் போல. பிறகு என் தந்தையின் கடைக்குப் பின்னாலிருந்த சாக்கடை போல. இளைஞன் நிற்கும் கூடத்தில் அதிகம் இருந்தது. சாக்கடையைத் திறந்து பார்த்தேன். பரணில் செத்த எலி தேடினேன். பொலிக்செனியிடம் சொன்னேன். "ஆமா, எனக்கும் தெரியுது" என்று கதவுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே ஒப்புக்கொண்டார். அதற்குமேல் எதுவும் செய்யவில்லை.

பிறகு அது பேருந்திலும் இருந்தது. தேவாலயத்தில் சாம்பிராணிக்கு நடுவிலும் இருந்தது. என் தங்கை வீட்டு ஞாயிற்றுக்கிழமை விருந்தில் இருந்தது. அவள் பிறகு மேஜை சின்னது என்று என்னை அழைப்பதை நிறுத்திவிட்டாள். மனிதர்கள் எங்கெல்லாம் இருந்தார்களோ அங்கெல்லாம் இருந்தது. மனிதர்கள் நாறுகிறார்கள். வெறுப்பில் சொல்லவில்லை. வெறுக்க வேண்டுமானால் ஒருவரிடம் கொஞ்சம் நெருக்கம் வேண்டும். எனக்கு இருந்தது அருவருப்பு மட்டும். பூண்டு, வியர்வை, ஈரக் கம்பளி, காலுறை எல்லாம் சேர்ந்து உள்ளே வந்து, கல்லின்மேல் மூச்சு விட்டு, வம்சம் என்று சொல்லிக்கொள்கிறது.

இவர்களில் நாள் முழுக்க என் பக்கத்தில் இருந்தவர் ஸ்தமாதிஸ்.

அவர் பெரிய உடம்புக்காரர். காலையில் துறைமுகத்துக் கடையில் குடல் சூப் குடித்துவிட்டு வருவார். வந்ததும் மாண்டரின் ஆரஞ்சை உரிக்கத் தொடங்குவார். தோலை ஜன்னல் விளிம்பிலும் கூடத்தின் வெப்பக் குழாய் மேலும் காயவைப்பார். ஒருநாள் என் சீருடைக் கோட்டின் பையில் கைவிட்டேன், உள்ளே காய்ந்த தோல்கள். என் கோட்டில். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாற்றத்தை மறைக்க ஒருவர் இவ்வளவு பாடுபடுகிறார் என்றால் நாற்றம் அவருடையது.

"யோவ் நோண்டாஸ், இந்தா ஒரு சுளை."

"கூடத்துல தின்பண்டம் கூடாதுன்னு பலகை தொங்குது. எழுதினதே நான்."

"தின்ன வேணாம்யா. சும்மா வாயில அடக்கிக்க."

"எதுக்கு?"

அவர் இளைஞனைப் பார்த்தார். அவனிடமிருந்து உதவி வரவில்லை. "என் அக்கா மக ஒருத்தி இருக்கா," என்றார். "ஒரே ஒரு தரம் வந்து அவ முன்னாடி உட்காரு. அஞ்சு நிமிஷம். எல்லாம் சரியாயிடும்."

எனக்கு ஐம்பத்தெட்டு வயது. இத்தனை காலம் மணமாகாமல் இருந்தது குடல் சூப் குடிக்கும் குடும்பத்தில் போய்ச் சேர்வதற்காக அல்ல. அதை நாகரிகமாகவே சொன்னேன்.

"அட, அவ என்ன வேலை பண்றான்னாவது கேளேன்யா."

"தேவையில்லை."

"நீ ஒருத்தன்யா," என்று சொல்லிவிட்டு இன்னொரு பழத்தை எடுத்தார்.

எங்கள் அடித்தளக் கிடங்கைப் பற்றி நீங்கள் அறிக்கையில் படித்திருப்பீர்கள். கழிப்பறை விளக்கு நம் செலவில் வர வேண்டியது, ஆகவே வரவில்லை. கிடங்கின் தீயணைப்பு ஏற்பாடு ஐரோப்பியச் செலவில் வந்தது, ஆகவே அபாரமானது. தண்ணீர் பட்டால் பழம்பொருள் கெடும் என்பதால் அது வாயுவால் அணைக்கும். மணி அடிக்கும், உள்ளே இருப்பவர் வெளியேறச் சிறிது நேரம் கொடுக்கும், பிறகு வாயு நிரம்பும். நெருப்புக்கு மூச்சு முட்டிப்போகும். நெருப்புக்கு மட்டும் என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. திறப்பு விழாவில் ஆயர் ஆசீர்வதிக்க வந்தபோது சாம்பிராணிப் புகைக்கே மணி அடித்துவிட்டது. அமைச்சரும் ஆயரும் ஒரே படிக்கட்டில் முட்டிக்கொண்டு ஓடினார்கள். நாகரிகத்தின் தொட்டிலைப் பற்றி அமைச்சர் தொடங்கிய உரை கீழேயே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அந்த மணிக்கு என்ன அர்த்தம் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அது செவ்வாய்க்கிழமை. விடுமுறை. நாங்கள் இருவர் மட்டும் துப்புரவுக்கு வந்திருந்தோம். நாற்றம் தாங்க முடியவில்லை, கன்னம்கூடத் துடித்துக்கொண்டிருந்தது. கிடங்கில் ஏதோ செத்துக் கிடக்கிறது, இறங்கிப் பாருங்கள் என்றேன்.

"கீழ ஒண்ணும் கிடையாதுய்யா. அது கீழேருந்து வரல."

"அப்ப எங்கேருந்து வருது?"

அவர் தன் காலணிகளைக் குனிந்து பார்த்தார். வாயைத் திறந்தார், மூடினார். குற்றமுள்ளவர்கள் அப்படித்தான் செய்வார்கள். "சரி, உன் மனசுக்காக இறங்கறேன்," என்றார். "ஆனா ஒண்ணு. கீழ எதுவும் இல்லேன்னா நீ என்கூட என் அக்கா மககிட்ட வரணும். சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.

கூடவே இறங்கி, கிடங்கின் வாசலில் நின்று பார்த்தேன். அவ்வளவு பெரிய மனிதர் முழங்காலிட்டு, மூச்சிரைக்க, மரப்பெட்டிகளுக்குப் பின்னால் தலையை நுழைத்து மோந்துகொண்டிருந்தார். ஒன்றும் கிடைக்காது என்று தெரிந்தும் ஒவ்வொரு பெட்டியாக நகர்த்தினார். அந்தக் காட்சியைச் சகிக்க முடியவில்லை. வாசலுக்கு வெளியே, சுவரில், கண்ணாடிக்குள் இருக்கும் கைவிசையை நான் இழுத்தேன்.

மணி அடித்தது. "நோண்டாஸ், நீ மேல ஓடு, நான் பின்னாடியே வந்துடறேன்," என்று உள்ளேயிருந்து கத்தினார். நான் கதவைச் சாத்தினேன். அது வெளிப்பக்கமாகத் திறக்கும் கதவு. அருங்காட்சியகத்தில் எதன்மேலும் சாயக்கூடாது என்பது நான் நாள்தோறும் சொல்லும் விதி. அன்று முதல் தடவையாக அதை மீறி, ஒரு கதவின்மேல் சாய்ந்து நின்றேன்.

"கதவு மாட்டிக்கிச்சுய்யா. அந்தப் பக்கம் இழு."

மணிச் சத்தத்தில் பேசுவது பயனற்றது. அவர் தட்டினார், கொஞ்ச நேரம் என் பெயரைச் சொன்னார். முழுப்பெயரை அல்ல. பிறகு தட்டவில்லை. அந்த வாயுவுக்கு எந்த வாசனையும் கிடையாது. அதை ஒரு பெருமையாகவே குறிப்பிட விரும்புகிறேன்.

மேலே போய் இளைஞன் முன்னால் நின்றேன். ஆழமாக மூச்சை இழுத்தேன். சுத்தமாக இருந்தது போலிருந்தது. இரண்டாவது மூச்சில் நாற்றம் இருந்தது.

ஒருவர் ஒரே இடத்தில் பல வருடம் வேலை செய்தால் அவருடைய நாற்றம் சுவரில் ஏறியிருக்கும், போகச் சில நாள் ஆகும் என்று நினைத்தேன். அடக்கத்துக்குப் போனேன். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது, எதிர்பார்த்ததுதான். பிறகு அவர் வீட்டில், காபியும் பிராந்தியும் கொடுக்கிற இடத்தில், அவருடைய மனைவி எவாந்தியா ஒரு பை நிறைய மாண்டரின்களை என் மடியில் வைத்தாள்.

"உங்களுக்குன்னு வாங்கி வச்சிருந்தாருங்க. தினமும் உங்களுக்காகத்தான் வாங்குவாரு. 'அவன் மனசு நோகாம எப்படிச் சொல்றதுன்னு தெரியல'ன்னு புலம்பிட்டே இருப்பாரு."

என்னவென்று நான் கேட்கவில்லை. அந்த வீட்டிலும் நாற்றம் இருந்தது. எவ்வளவு தூரம் பரப்பியிருக்கிறார் பாருங்கள் என்று நினைத்துக்கொண்டேன். பையைப் பேருந்து நிறுத்தத்திலேயே விட்டுவிட்டேன்.

நீங்கள் இதை விபத்து என்று முடித்திருப்பீர்கள். கருவி தானாக இயங்கியது, கதவு சிக்கிக்கொண்டது, பராமரிப்புக் குறைபாடு. பொலிக்செனி அதை எனக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினார். 'குறைபாடு' என்ற சொல்லை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. கிடங்கு என் பொறுப்பு. அங்கே ஒரு பொருள்கூடக் குறைபாட்டால் நகர்ந்ததில்லை. ஒரு நாகரிகத்தின் சார்பில் யோசித்துச் செய்த காரியத்தை, துருப்பிடித்த கீலின் பெயரில் எழுதுவது எனக்கு அவமானமாகப் பட்டது. அதனால்தான் நானாகவே இங்கே வந்தேன்.

வாக்குமூலம் தட்டச்சாகி வந்திருக்கிறது. கையெழுத்துப் போடுமுன் இந்த வாரம் நடந்ததையும் சேர்க்கச் சொல்கிறீர்கள். முக்கியமானதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

காவலில் வைத்த மறுநாள் என் இடது கன்னம் வீங்கிவிட்டது. பல் மருத்துவரை வரவழைத்தீர்கள். இந்த ஊரில் காவலில் இருப்பவர்களுக்குப் பல் பார்ப்பது ஸ்தமாதிஸின் அக்கா மகளாம். என் பெயரைக் கேட்டதும் வர மறுத்துவிட்டாள். ஆகவே பக்கத்து ஊரிலிருந்து ஒருவர் வந்தார். வாயைத் திறக்கச் சொன்னார். திறந்ததும் இரண்டடி பின்வாங்கினார். மேல் கடைவாய்ப்பல் ஒன்றின் வேர் அழுகி, சீழ் உள்ளுக்குள்ளேயே மூக்குவரை கசிந்துகொண்டிருந்ததாம். ஒரு வருடமாவது இருக்கும், இத்தனை நாள் யாரும் சொல்லவில்லையா என்று கேட்டார். பல்லைப் பிடுங்கி, சுத்தம் செய்து, மாத்திரை கொடுத்துவிட்டுப் போனார்.

இன்று காலை நீங்கள் ஜன்னலைத் திறக்கவில்லை.