சீர் வந்த அன்னிக்கு எடுத்த வீடியோ

நான் தப்பா சொல்லிப்புடுவேனோன்னுதாங்க்கா எனக்குப் பயமே. ஏழாவதோட நின்னவ. எத முன்னாடி சொல்லணும், எத பின்னாடி சொல்லணும்னு தெரியாது. எங்க வீட்டுக்காரரு இருந்தா கோர்வையா சொல்லிருவாரு. மயிலாடுதுறையில ஒரு கல்யாணம், வீடியோ எடுக்கப் போயிருக்காரு. இருங்க நாகம்மாக்கா, எந்திரிக்காதீங்க. ஆட்டோ நிக்கட்டும். அந்தாளு நெழலு கெடச்சா தூங்கத்தான் போறாரு.

ஆமா, அதுதான் பெட்டி. மேசைக்கு அடியில கருப்பா நிக்குதே, அதுதான். டிவி மாதிரி இருக்கறது வேற, அதுல ஒண்ணும் இல்ல. எல்லாம் இந்தப் பெட்டிக்குள்ளதான்னு சொல்லுவாரு.

என்னது, இத திருச்சிக்கா தூக்கிட்டுப் போறீங்க? வக்கீலு சொன்னாரா? ஆன் ஆகாத கம்ப்யூட்டர்லேந்து கூட படத்த எடுப்பாங்களாமா... ம். சொல்லியிருப்பாரு. படிச்சவரு.

இல்லக்கா, எனக்கு என்ன ஆட்சேபணை. கேளுங்க, மொதல்லேந்து சொல்றேன். நாளைக்கு ஒருத்தர் கேட்டா நீங்களும் மாத்திச் சொல்லிடக் கூடாது பாருங்க.

நடராசன் பொண்ணுக்கு மஞ்சத்தண்ணி ஊத்துன அன்னிக்கு, தாய்மாமன் சீரு அறுபத்தோரு தாம்பாளம். சீரு வர்றத ரோட்டுலேந்தே எடுக்கணும். ஒரு தட்டு விட்டுப்போனாலும் மாமன்காரன் சண்டைக்கு வருவான். பழத்தட்டு எங்க, என் பொண்டாட்டி தூக்கிட்டு வந்த தட்டு எங்கன்னு கேப்பாங்க. அதனால எங்க வீட்டுக்காரரு கேமராவ ரோட்டப் பாக்க நிறுத்திட்டு நின்னாரு. அந்தப் பக்கந்தான் உங்க வீட்டுக்காரரு, ரெத்தினண்ணன்... வயலுக்குத் தண்ணி வெச்சிட்டு வந்திருக்காரு. தாம்பாளமெல்லாம் போவட்டும்னு சைக்கிளோட ஓரங்கட்டி நின்னாரு. அப்பதான் அந்த லாரி.

அழுவாதீங்கக்கா. தண்ணி குடிங்க.

ஊரே மேளத்தயும் தட்டயும் பாத்துக்கிட்டு நின்னுச்சு. இடிச்சத ஒருத்தரும் பாக்கல. இன்னிக்கு லாரிக்காரங்க, அவரு குடிச்சிட்டு தானா வந்து சக்கரத்துல விழுந்தாருன்னு சொல்றாங்க. பாத்தது அந்தக் கேமரா ஒண்ணுதான். எனக்குத் தெரியாதா?

நடராசன் மறுநாளே எங்க வீட்டுக்காரருகிட்ட வந்துட்டாரு. தியாகு, அந்த எடத்த வெட்டிருப்பா, வாழப்போற பொண்ணு, நல்ல காரியத்துல அது வரக்கூடாதுன்னாரு. எல்லாரும் அப்படித்தானே சொல்லுவாங்க. தும்மல் கேட்டாலே வெட்டச் சொல்றவங்க இருக்காங்க. வெட்டிட்டுத்தான் குடுத்தாரு. கேமராவுல போடுற கார்டையும் அழிச்சி அடுத்த நாளு வளைகாப்புக்கு எடுத்துட்டுப் போயிட்டாரு. இருக்கறது ரெண்டு கார்டு, எப்பவும் அழிச்சி அழிச்சித்தான் எடுப்பாரு. ஆனா வெட்டாத முழுசு இந்தப் பெட்டியில இருக்குன்னு உங்ககிட்ட வந்து அவரே சொன்னாருல்ல? கோர்ட்டுலயே போட்டுக் காட்டுறேன்னு சொன்னாருல்ல? அந்த மனுசன் சொன்னா சொன்னதுதான். அத மட்டும் நீங்க தப்பா நெனைக்கக் கூடாது.

அதுக்கு அடுத்த வாரந்தான் இது படுத்துச்சு. காலையில பட்டன அமுக்குறாரு, வெளக்கு எரியல. உள்ள ஃபேன் ஒண்ணு உர்ருங்கும், அந்தச் சத்தமும் இல்ல. சாமி சத்தியமா அது தானாத்தான் நின்னுச்சு. சும்மாவா, எங்க பொண்ணு குந்தவை ஒண்ணாவது படிக்கறப்ப வாங்குனது. அவ இப்ப காலேஜு போறா. வேற பிளக்குல சொருகிப் பாத்தோம். அதே பிளக்குல மிக்சி ஓடுது, இது ஓடல. ஒயர ஆட்டிப் பாத்தோம். குந்தவை செல்லுல பாத்துட்டு வந்து, பிளக்க புடுங்கிட்டு பட்டன அரை நிமிஷம் அமுக்கிப் புடிக்கணும்மான்னா. வெரல் வலிக்க அமுக்குனா. ம்ஹும்.

அப்பறம் திருக்காட்டுப்பள்ளியிலேந்து ஜாஃபர் பாய் வந்தாரு, ஜாஃபர் சாதிக்கு. உங்களுக்குத் தெரியுமே, கடைத்தெருவுல கம்ப்யூட்டர் ரிப்பேரு பாக்கறவரு. மூடிய கழட்டுனாரு, ஒட்டடயும் தூசியுமா கொட்டுது. ரெண்டு பல்லி முட்டை வேற. யம்மா, இது கம்ப்யூட்டரா, கோழிக்கூடா? தியாகு அண்ணன் கேமராவ மட்டுந்தான் தொடைப்பாரு போலன்னு ஒரே சிரிப்பு. இவருக்கு மூஞ்சி சுண்டிப் போச்சு. வெட்டுறது ஒட்டுறதெல்லாம் செய்வாரே தவிர, இந்தப் பெட்டிக்குள்ள கைவைக்க அவருக்கு நடுக்கம். கரண்டு இருக்கும்னு கிட்டயே போவ மாட்டாரு. நான்தான் டார்ச்சு புடிச்சேன்.

சீப்பு மாதிரி ஒரு பச்சத் தகடு. அத உருவி, ரப்பர் இருக்காம்மான்னு கேட்டு, கணக்கு அழிக்கிற மாதிரி தேய் தேய்னு தேச்சி மாட்டுனாரு. வரல. காசு மாதிரி ஒரு பேட்டரி, அதையும் மாத்துனாரு. வரல. அப்பறம் ஒரு துண்டு ஒயர வளைச்சி ரெண்டு ஓட்டைக்குள்ள சொருகிப் பாத்துட்டு, கரண்டு பிரிச்சிக் குடுக்குற டப்பா செத்துப் போச்சும்மா, தஞ்சாவூர்ல போயித்தான் வாங்கணும்னாரு. மறுநாளு போயி வாங்கிட்டு, அதுக்கு அடுத்த நாளு காலையில வந்து மாட்டுனாரு.

ம்.

மாட்டுனாரு... அப்பயும் வரல. மதர்போர்டு போயிருச்சாம். அதோட விட்டாச்சு. இவரு இன்னமும் காலையில எந்திரிச்ச ஒடனே ஒருதரம் பட்டன அமுக்கிப் பாத்துட்டுத்தான் பல்லே வெளக்குவாரு. பாவமா இருக்கும்.

நான் என்னக்கா பண்றது. எங்களுக்கும் ஒரே பொண்ணு.

இல்ல, இப்ப எதுக்கு அவளச் சொன்னேன்னா... ஒண்ணுமில்ல. பாய் டப்பா வாங்க தஞ்சாவூர் போனாருல்ல, அன்னிக்கு மத்தியானம் ரெண்டு பேரு வந்தாங்க. லாரிக்காரங்க ஆளுங்க. சத்தமெல்லாம் போடல. செருப்ப வாசல்ல கழட்டிப் போட்டுட்டு, அக்கா அக்கான்னுதான் பேசுனாங்க. மோரு குடுத்தேன், குடிச்சாங்க. கம்ப்யூட்டரு ரிப்பேராமே, அப்படியே இருக்கட்டுங்கா, பழசுக்கு எதுக்கு செலவு பண்றீங்கன்னாங்க. எந்திரிக்கறப்ப ஒருத்தன் கேட்டான். பாப்பா எட்டு இருவது பஸ்ஸுலதான போவுது, கடைசிக்கு முந்துன சீட்டு, ஜன்னலோரம். காத்து நல்லா வருமுல்லன்னான்.

அவ்வளவுதான் சொன்னான். டம்ளரக் கூட கழுவி வெச்சிட்டுப் போனான்க்கா.

இவருகிட்ட சொல்லல. சொன்னா நேரா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவாரு. போயிட்டு வந்துருவாரு. எட்டு இருவது பஸ்ஸு தெனமும் வருதே.

சரி, சரி, எந்திரிச்சிட்டீங்க. நேரமாச்சு, திருச்சி பஸ்ஸப் புடிக்கணும். எடுத்துட்டுப் போங்க. நான் என்ன தடுக்கவா போறேன்? ஓரமா ஒரு ஆணி நீட்டிட்டு இருக்கும், கையக் கிழிச்சிரும், பாத்து. அய்ய, என்னக்கா துண்ட சுத்தி சும்மாடு கட்டுறீங்க? தலையிலயா தூக்கப் போறீங்க? ஆட்டோ வரைக்குந்தான... ஆட்டோவுலேந்து பஸ்ஸுக்கு, பஸ்ஸுலேந்து அந்த ஊர்ல எங்கெங்கயோ... எத்தன படி ஏறணுமோ.

வேணாங்க்கா. எறக்குங்க. கீழ வைங்க.

உள்ள ஒண்ணும் இல்ல.

அது ஆன் ஆச்சுக்கா. பாய் மாட்டி பட்டன அமுக்குன ஒடனே உர்ருன்னு ஃபேன் ஓடுச்சு. பாத்தீங்களாம்மா, இன்னும் பத்து வருஷம் ஓடும்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. இவரு அன்னிக்கு வெளியூரு. நான் மட்டுந்தான். இவரு பக்கத்துல ஒக்காந்து ஒக்காந்து, தொறக்கறதுக்கு எங்க அமுக்கணும்னு எனக்குத் தெரியும். தொறந்து பாத்தேன்.

ரெத்தினண்ணன் குடிக்கலக்கா. விழவும் இல்ல. தார் ரோட்ட விட்டு எறங்கி, மண்ணுலதான் நின்னாரு. வாய் அசைஞ்சுச்சு. தாம்பாளத்த எண்ணிக்கிட்டு இருந்தாரு. லாரி நேரா அவருமேலதான் ஏறுச்சு. ரெண்டுதரம் போட்டுப் பாத்தேன்.

படமெல்லாம் எதுலம்மா இருக்குன்னா இந்த இரும்புக் கட்டியிலதான், செங்கல்லுல பாதி இருக்கும்னு, டார்ச்சு புடிச்சப்பவே பாய் காட்டியிருந்தாரு. நாலு திருகாணி. கத்தி மொனையால கழட்டிட்டேன். வேற யாரும் ஆன் பண்ணிடக் கூடாதுன்னு மத்த ஒயரையும் புடுங்கி விட்டுட்டேன். அப்பறம் பாய் கடைக்குப் போயி, எங்க வீட்டுக்காரரு கேட்டா போர்டு போயிருச்சுன்னு சொல்லுங்க பாய்னு கையெடுத்துக் கும்புட்டேன். அவரும் சரின்னாரு. அதுக்கப்பறம் நம்ம தெருப்பக்கமே அவரு வர்றதில்ல.

கோர்ட்டுல கூப்புட்டுக் கேட்டா, நான் ஒண்ணும் பாக்கலன்னுதாங்க்கா சொல்லுவேன். இப்பயே சொல்லிட்டேன். என்ன அடிக்கணும்னா அடிச்சிட்டுப் போங்க.

அந்தக் கட்டியா? அன்னிக்கு கொல்லையில நெல்லு அவிச்சிட்டு இருந்தேன். அண்டாவுல தண்ணி தளதளன்னு கொதிச்சிட்டு இருந்துச்சு. அதுக்குள்ள போட்டு, மேல நெல்லக் கொட்டி, சாக்கப் போட்டு மூடிட்டேன். பொழுது சாயற வரைக்கும் அடுப்புல வெறகு தள்ளிக்கிட்டே ஒக்காந்திருந்தேன். நெல்லு ஒண்ணும் வீணாப் போவல. காய வெச்சி, மில்லுல குடுத்து அரைச்சாச்சு. குந்தவைக்கு காலையில அந்தச் சோத்தத்தான் கட்டிக் குடுக்கறேன்.