மூலைக் கடையை யாருக்கு விடுவது

ஃபேன் வேண்டாம் ஐயா, நிறுத்திவிடச் சொல்லுங்கள். ஃபேன் காற்றில் உட்கார்ந்தால் சாயங்காலத்துக்குள் எனக்குத் தலை பிடித்துக்கொள்ளும்.

கட்டடம் கட்டின காண்டிராக்டரை நேற்றிலிருந்து ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டுத்தான் மறுபடியும் வந்தேன். சிலாப்பில் கம்பியை மாற்றிப் போட்டது அவன் தப்பு. அதற்கு என்ன உண்டோ அதைச் செய்யுங்கள். மற்றது என்னுடையது. ஒருவன் செய்ததை இன்னொருவன் தலையில் கட்டுவது எனக்குப் பிடிக்காது.

என் பெயர் தசரதன். சொந்த ஊர் வடக்குப்பட்டு. ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பாண்டுரங்கன் முதலாளி கட்டியிருக்கும் மாடிக் கட்டடத்துக்கு நான்தான் மேனேஜர். மேலே எல்லாம் ஆபீஸ்கள். வக்கீல்கள் இருக்கிறார்கள், இன்சூரன்ஸ்காரர் இருக்கிறார், மறைமலை நகர் கம்பெனிக்கு ஆள் எடுக்கிற ஆபீஸ் ஒன்று இருக்கிறது. கீழே வரிசையாகக் கடைகள். முதலாளி காஞ்சிபுரத்தில் இருப்பவர், எப்போதாவதுதான் வருவார். எந்தக் கடையை யாருக்கு விடுவது என்பதை அவர் என்னிடமே விட்டிருந்தார்.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது ஒரு வேலையாகவே தெரியாது. போட்டோ ஸ்டூடியோவை நான் மாடிப்படிக்குப் பக்கத்தில் வைத்தேன். வேலைக்கு மனுக் கொடுக்க வருகிற பையன்கள் மேலே ஏறுவதற்கு முன்னால் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். டைப் அடிப்பவரை வக்கீல் ஆபீஸுக்கு நேர் கீழே உட்கார வைத்தேன். மருந்துக் கடைக்கு வெயில் படாத வடக்குப் பக்கம். இப்படி ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் பார்த்து வைத்தவன் நான். அவர்கள் பிழைத்தார்கள், கட்டடமும் பிழைத்தது.

ஆரம்பத்தில் அப்படி இல்லை. கட்டடம் புதிதாக எழும்பி நின்றபோது ஒரு கடைகூடப் போகவில்லை. குட்டையைத் தூர்த்துக் கட்டினது, நிற்காது என்று ஊரில் பேச்சு. ஷட்டர்கள் மூடியே கிடந்தன. அப்போது அம்சவல்லி பஸ் ஸ்டாண்டு வேப்பமரத்தடியில் அடுப்பு வைத்து இட்லி சுட்டு விற்றுக்கொண்டிருந்தாள். லாரி டிரைவர்கள், கோர்ட்டுக்கு வருகிறவர்கள், கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கிற ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் ஆட்கள் எல்லோரும் அங்கேதான் சாப்பிடுவார்கள். நானே போய்க் கூப்பிட்டேன்.

“மூலைக் கடைய எடுத்துக்கம்மா. அடுப்பு எரிஞ்சா ஆள் வரும். ஆள் வந்தா மத்தக் கடையும் போயிடும்.”

“நமக்கு இன்னாத்துக்கு அண்ணே ஷட்டர் வெச்ச கடை? நாளைக்குப் பெரிய ஆளு எவனா வந்தா என்னைத் தொரத்திட்டு அவனுக்குக் குடுத்துடுவீங்க.”

“நான் இருக்கிற வரைக்கும் உன்ன யாரும் கெளப்ப மாட்டாங்க.”

அவள் வந்தாள். அடுப்பு எரிந்தது, ஆள் வந்தது. ஒரு வருஷத்தில் முன்பக்கக் கடை எல்லாம் போய்விட்டது. அதை நான் என்றைக்கும் மறுத்ததில்லை.

போன சித்திரையில் மெட்ராஸிலிருந்து சுப்பராயன் என்று ஒருவர் வந்தார். டிவி ஷோரூம் வைக்க இடம் தேடி வந்தவர். பஸ்ஸை விட்டு இறங்கி, ரோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டு கட்டடத்தைப் பார்த்தார். மூலைக் கடையும் பக்கத்துக் கடையும் வேண்டும், நடுச் சுவரை எடுத்துவிடலாம் என்றார். அவர் சொல்லச் சொல்ல எனக்கு அது கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. பெரிய கண்ணாடி, உள்ளே வரிசையாக ஓடுகிற டிவிகள், வெளியே வாய் பிளந்து நிற்கிற பஸ் ஸ்டாண்டுக் கூட்டம். அந்த மாதிரி ஒரு முகப்பு இந்த ரோட்டில் பூந்தமல்லி வரைக்கும் கிடையாது. பக்கத்துக் கடையில் கடிகாரம் ரிப்பேர் பார்த்தவர் நான் சொன்னதும் மாடிப்படிக்கு அடியில் மாறிக்கொண்டார்.

அம்சவல்லிக்குப் பின்பக்கம், கக்கூஸைத் தாண்டி ஒரு கடை காலியாக இருந்தது. அதற்குப் போகச் சொன்னேன். காலை டிபன் நேரத்தில் சொன்னது என் பிசகு. கடை நிறைய ஆட்கள் இருந்தார்கள்.

அவள் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. “மேனேஜரே, கட்டடம் இன்னா உன்னுதா? சாவிக்கொத்து வெச்சிகினு சுத்துற ஆளு நீ. மொதலாளி வந்து சொல்லட்டும், நான் பேசிக்கிறேன். நீ குந்து, ரெண்டு இட்லி துன்னுட்டுப் போ.”

எல்லோரும் சிரித்தார்கள். மேல்மாடி வக்கீலின் குமாஸ்தா பாபு சிரித்த சிரிப்பில் சட்டையெல்லாம் சாம்பார். அவளும் சிரித்தாள். அதில் விஷம் ஒன்றும் இல்லை, அவள் பேச்சே அப்படித்தான். இலையில் இரண்டு இட்லி வைத்தாள். நான் உட்கார்ந்து சாப்பிட்டேன். எனக்குக் கோபம் இல்லை என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். கோபத்தில் இருக்கிறவனுக்கு இட்லி தொண்டையில் இறங்குமா?

அதன் பிறகு படியில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் பாபு, “வணக்கம், சாவிக்கொத்து” என்பான். மருந்துக் கடைப் பையனும் பிடித்துக்கொண்டான். சின்னப் புத்தி. நான் கண்டுகொள்ளவில்லை.

மூலைக் கடைக்குப் போகிற குழாயை அடைத்தேன். பைப் கசிகிறது என்று காரணம் சொன்னேன். அவள் பஸ் ஸ்டாண்டு அடிபம்பிலிருந்து குடம் குடமாகத் தூக்கி வந்தாள். குப்பைத் தொட்டியை அவள் வாசலுக்கு நகர்த்தி வைத்தேன். அவள் தொட்டியைச் சுற்றிக் கழுவிவிட்டு அதற்கும் பக்கத்தில் ஒரு கோலம் போட்டாள். பார்க்கிறவர்கள் அதற்கும் சிரித்தார்கள். என்னிடம் மட்டும் எப்போதும்போல, “அண்ணே, டிபன் ஆச்சா?” என்று கேட்பாள். சண்டை போடுகிறவளாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஐப்பசி மழையில் முன்பக்கம் ஒழுகியது. கொத்தனார் மாரியைக் கூட்டி வந்தேன். கடைகளுக்கு முன்னால் நடக்கிற இடத்துக்கு மேலே சிலாப் நீட்டிக்கொண்டிருக்கிறது அல்லவா, அதில் மூலைக் கடைக்கு மேலே, சுவரோடு சேருகிற இடத்தில், நீளமாக ஒரு விரிசல். மாரி ஏணி போட்டு ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தான். அவன் முகம் வெளுத்திருந்தது.

“சார், கம்பிய மேல வெக்காம கீழ வெச்சிட்டுக்கிறானுங்க. இது எப்ப வோணா எறங்கிடும். இப்பிக்கி முட்டுக் குடுத்துடறேன். மழ வுட்டதும் ஒடச்சிட்டுப் புச்சாப் போட்டுடலாம். அதுவரிக்கும் முட்டு மேல யாரும் கைய வெக்கக் கூடாது. மொதலாளி காதுல போட்டுடுங்க.”

“சொல்றேன்” என்றேன்.

இரண்டு சவுக்குக் கம்பை முட்டாக நிறுத்திவிட்டு அவன் மறைமலை நகருக்கு வேலைக்குப் போய்விட்டான். முதலாளியிடம் நான் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். ஆனால் மறக்கவில்லை. சொல்லவில்லை, அவ்வளவுதான். அந்த நேரத்தில் என் மனதில் வேறு எதுவும் இருந்ததாகவும் நினைவில்லை.

அம்சவல்லிக்கு அந்தக் கம்புகள் எதற்கு என்று தெரியாது. வெள்ளையடிக்க வைத்தது, எடுக்காமல் விட்டுவிட்டார்கள் என்று நினைத்தாள். இரண்டுக்கும் நடுவே கயிறு கட்டிக் கைத்துணிகளை உலர்த்தினாள். “அண்ணே, இந்தக் கம்ப எப்ப எடுப்பீங்கோ? வர்றவன் போறவன்லாம் மண்டைய முட்டிக்கிறான்” என்று ஒரு நாள் கேட்டாள். பிறகு அடிக்கடி கேட்டாள். முட்டு எதற்கு என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அவள் கேட்டது எப்போது எடுப்பீர்கள் என்று. “எடுத்துடலாம்மா” என்றேன். ஆகவே முட்டுக் கம்பை எடுத்தது, சரியாகச் சொல்லப்போனால், வாடகைக்கு இருப்பவர் கேட்டுக்கொண்டு செய்த வேலை.

அதற்குப் பிறகு காலையில் கேட்டைத் திறந்ததும் முதலில் என் கண் அந்த விரிசலுக்குத்தான் போகும். மழை பெய்யப் பெய்ய அது அகன்றுகொண்டே வந்தது. ஒரு விரல் நுழையும் அளவுக்கு ஆனது. அதற்கு அடியில் ஆட்கள் நின்று பேசிக்கொண்டும் பீடி பிடித்துக்கொண்டும் இருப்பார்கள். பாவம், ஒன்றும் தெரியாதவர்கள். இதை இப்படியே எத்தனை நாள் விடுவது என்று தோன்றும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டாலும் முதலாளி சொல்லிவிடுவார். போன ஞாயிற்றுக்கிழமை அவர் சுப்பராயனைக் கூட்டிக்கொண்டு வந்தார். சுப்பராயன் கட்டடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மூலைக் கடை வேண்டாம், எனக்கு வரிசையின் அந்தக் கோடியே போதும், வேன் நிறுத்திச் சாமான் இறக்க வசதியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். அங்கேயே பேசி முடித்தார்கள். போகும்போது முதலாளி என் தோளில் கை வைத்தார். “அந்தம்மா கெடக்கட்டும் தசரதா. இந்தக் கட்டடத்துக்கு வெளக்கேத்தி வெச்சவளே அவதான். அவகூட நமக்கு இன்னா வம்பு?”

“சரிங்க” என்றேன்.

ஆக, மூலைக் கடை யாருக்கும் தேவைப்படவில்லை. பிறகு எதற்காக என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நானும் யோசித்துப் பார்த்தேன். ஒரு கட்டடம் என்றால் ஒழுங்கு வேண்டும் ஐயா. யார் எங்கே இருப்பது என்று சொல்ல ஒருவன் வேண்டும், அவன் சொன்னால் அது நடக்க வேண்டும். காரணம் அதுதான். சாவிக்கொத்து என்று அவள் சொன்னதையெல்லாம் நான் எப்போதோ மறந்துவிட்டேன்.

புதன்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன். லீவு நாளில் அவள் மகள் கடைக்கு வந்துவிடும், பத்தாவது படிக்கிற பெண். சாப்பாட்டுக் கூட்டம் கலைந்த பிறகு மத்தியானத்தில் அங்கே ஈ காக்கை இருக்காது. மாரி புதுச் சிலாப் வேலைக்கென்று இறக்கி வைத்திருந்த செங்கல் பின்பக்கம் வழியை அடைத்துக்கொண்டு கிடந்தது. முதல் நாளே இரண்டு ஆள் விட்டு, மாடி ஜன்னல் வழியாக அதைச் சிலாப் மேல் அடுக்கச் சொல்லியிருந்தேன்.

அடியில் நிறுத்தியிருந்த சைக்கிள்களை நானே தள்ளிக்கொண்டு போய் ஓரமாக விட்டேன். லூர்தம்மாள் என்கிற கிழவி அந்த நிழலில் கொய்யாப்பழக் கூடையை வைத்து உட்கார்ந்திருந்தாள். “ஆயா, இங்க ஒழுகுது, அந்தாண்ட போய் உக்காரு” என்று சொல்லிக் கூடையைக்கூடத் தூக்கிக் கொடுத்தேன். நல்லா இருப்பே ராசா என்று சொல்லிவிட்டுப் போனாள். வேறு யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை என்று உங்கள் ஏட்டே சொன்னார். அது தானாக நடந்ததில்லை.

கயிற்றை அவிழ்த்துத் துணிகளை மடித்து அம்சவல்லியிடம் கொடுத்தேன்.

“அப்பாடா, இப்பவாவது எடுக்கணும்னு தோணிச்சே” என்று சந்தோஷப்பட்டாள். வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

கம்பின் அடியில் சுத்தியால் தட்டினேன். ஒன்று சாய்ந்தது. இன்னொன்று கொஞ்சம் இறுகிப் பிடித்திருந்தது, பிறகு அதுவும் வந்துவிட்டது. நான் பின்னால் தாண்டிக் குதித்துவிட்டேன். ஆனால் சிலாப் அப்படியே நின்றது. மாரி சும்மா பயமுறுத்திவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்தேன். கம்புகளைக் கொண்டுபோய்ப் பின்பக்கம் சாத்திவிட்டு, ரோட்டைத் தாண்டி, பஸ் ஸ்டாண்டு வாசலில் போய் நின்றேன். அங்கிருந்து பார்க்கும்போதுதான் தெரிந்தது. விரிசலிலிருந்து பொடி மண் விடாமல் சலித்துக்கொண்டிருந்தது. சிலாப்பின் நுனி முன்பிருந்த இடத்தில் இல்லை.

அவள் உள்ளே அடுப்பண்டை இருந்தாள். உள்ளேயே இருந்திருந்தால் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பாள். முன்பக்கம் இடிந்து விழுந்தால் பயந்துபோய்த் தானாகவே காலி செய்துவிடுவாள், அந்த நினைப்பில் செய்தேன் என்று நேற்று உங்களிடம் சொன்னேன். நீங்களும் எழுதிக்கொண்டீர்கள். அது முழு உண்மை இல்லை. அதைத் திருத்தத்தான் வந்தேன்.

நான் அவளைக் கூப்பிட்டேன்.

“அம்சவல்லிம்மா, ஒரு டீ போடு.”

அந்த வேளையில் நான் டீ குடிப்பதில்லை. நடுவில் ஒரு லாரி போனது, அவளுக்குச் சரியாகக் காதில் விழவில்லை. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வெளியே வந்து சிலாப்புக்கு அடியில் நின்றாள். தோளில் மண் விழுந்தது. பூச்சி என்று நினைத்துத் தட்டிவிட்டாள்.

“இன்னாண்ணே, டீயா? சக்கர போடவா, வோணாவா?”

உள்ளே போ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வேண்டாம் என்று சொல்லியிருந்தாலும் திரும்பிப் போயிருப்பாள். நான் பேசாமல் இருந்தேன். எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்து அவள் இன்னும் ஒரு அடி முன்னால் வந்து, கையை வாய்க்குப் பக்கத்தில் குவித்துக்கொண்டு, சிரித்தபடியே மறுபடியும் கேட்டாள்.

“அண்ணே, சக்கர?”

நான் யோசித்துக்கொண்டிருந்தேன் ஐயா. எதற்கும் அவசரப்பட்டுப் பதில் சொல்கிற ஆள் இல்லை நான்.