சந்தேகப்பட வேண்டிய ஆள்

இல்ல மிஸ்ஸி, வகுப்பில இரிந்து கோவிச்சிட்டு ஒழும்பி வரல்ல. அப்பிடி நினைக்காதீங்க. மட்டக்களப்பில இரிந்து பஸ் ஏறி வந்து, எங்களப் போல கேட்டுக் காவல் நிக்கிற வாச்சர்மாருக்கு வகுப்பு எடுக்க ஒரு ஆள் வந்தது இதுதான் முதல்தரம். இருவது வருசமா இந்த ஆசுபத்திரிக் கேட்டில நிக்கன். வாற ஆக்களோட எப்பிடிக் கதைக்கிற எண்டு ஒருத்தரும் சொல்லித் தந்ததில்ல. காக்கிச் சேட்டும் ஒரு விசிலும் தந்தாங்க, அவ்வளவுதான்.

ஓம், ஜவுபர் ஒண்டும் பிழயாக் கேக்கல்ல. நீங்க சொன்ன மாதிரித்தான் நடிச்சான். அவன் வாச்சர், நான் நோயாளியப் பாக்க வந்த ஆள். எங்க போறீங்க காக்கா எண்டு மரியாதயாத்தான் கேட்டான். எனக்குத்தான் வாய் வரல்ல. மத்தவனுகள் சிரிச்சானுகள், உதுமாலெவ்வைக்கு நடிக்கத் தெரியா எண்டு.

வெக்கம் இல்ல மிஸ்ஸி. நீங்க கரும்பலகையில எழுதினீங்களே, சந்தேகப்பட வேண்டிய ஆள எப்பிடிக் கண்டுபுடிக்கிற எண்டு. வேர்த்துக் கொட்டும். கண் ஒரு இடத்தில நிக்காது. எதயாவது மறைப்பான். கேட்டதுக்கு மறுமொழி வராது. அந்த நாலும் எனக்கு மின்னமே தெரியும். நான் பாத்த ஆளுக்கு நாலும் இரிந்திச்சி.

நீங்க அந்த வாங்கில இரிங்க, சொல்றன். நான் நிண்டுக்கிறன், எனக்கு நிண்டு பழக்கம்.

ரெண்டு வருசத்துக்கு மின்ன, எம்பத்தஞ்சாம் ஆண்டு. அப்ப நாடு கிடந்த கிட உங்களுக்கும் தெரியுந்தானே. நாங்க முஸ்லிமாக்கள் தமிழாக்கள்ற ஊருக்குப் போறல்ல, அவங்க எங்கட கடத்தெருவுக்கு வாறல்ல. ஆசுபத்திரிக்கு மட்டும் வராம ஏலா. பிள்ளப்பெறு நோவு வந்தா என்ன செய்யிற? கேட்டுக்கு அங்கால ஒரு ஜீப்பு எந்த நேரமும் நிக்கும், சீருடயில, துவக்கோட நாலு பேர்.

ஒரு நாள் பகல், மழ தூறுது. கேட்டடியில வேற ஆரும் இல்ல. ஒரு ஆள் ஓடி வாறான். கைய நீட்டி மறிச்சன். எங்க போறாய் எண்டன். ஓம், நீ எண்டுதான் கேட்டன். அவன்ட வாய் திறக்குது, மூடுது, சத்தம் வரல்ல. கண் ஜீப்பப் பாக்குது, மறுகா உள்ளுக்கு வாட்டப் பாக்குது, மறுகா ஜீப்பப் பாக்குது. மழயிலயும் வேர்க்குது. சேட்டுக்குள்ள வயித்தோட எதயோ அமுக்கிப் புடிச்சிக்கிட்டு நிக்கான். எடு வெளியில எண்டு கத்தினன். எடுக்கல்ல. இன்னும் இறுக்கிப் புடிச்சான்.

நான் பயந்திட்டன் மிஸ்ஸி. வல்லாஹி, பயந்துதான் செய்தன். ஜீப்பப் பாத்து கைய அசைச்சி, இவன் எண்டு விரலால காட்டினன். வேற ஒண்டும் செய்யல்ல.

வந்தாங்க. ரெண்டு பேர் கையப் புடிச்சி இழுக்கக்குள்ள சேட்டுக்குள்ள இரிந்தது விழுந்திச்சி. பழைய வேட்டியக் கிழிச்சி, தோச்சி மடிச்ச புள்ளத்துணி. மழயில நனையாமத்தான் உள்ளுக்கு வெச்சிரிக்கான். ஐயா, துணிதான், உடுங்க எண்டு சொன்னன். வாயால சொன்னனா மனசுக்குள்ள சொன்னனா எண்டு இப்ப எனக்கே நிச்சயமில்ல. ஜீப்பு போயிட்டு.

துணியப் பொறுக்கிக்கிட்டு நிக்கன், பிள்ளப்பெறு வாட்டில இரிந்து அட்டெண்டன் ஸகியா ஓடி வாறா. காக்கா, பாண்டிருப்புப் பூமணிக்கு ஆம்புளப் புள்ள, அவட மனிசன் புண்ணியமூர்த்தி துணி கொண்டு வருவார், ஆள் கொன்ன, திக்கித் திக்கித்தான் கதைப்பார், கேட்டில கதைக்க ஏலாம நிப்பார், கண்டா மறிக்காம உள்ள உடுங்க எண்டா.

அதுதான் மிஸ்ஸி. கொன்ன. சும்மா நேரமே ஒரு சொல்லு வர ரெண்டு நிமிசம் எடுக்குமாம். நான் கத்தினா எப்பிடி வரும்?

இல்ல, திரும்பி வரல்ல. இண்டைக்கு வரைக்கும் வரல்ல.

தேடாம இரிக்கல்ல. நாலாம் நாள் அந்த ஜீப்புக்காரங்கட முகாமடிக்குப் போனன். வாசலில நிண்டவன் எங்க போறாய் எண்டு கேட்டான். அவன் கேட்ட கேள்வியும் அதுதான். எனக்கு வாய் வரல்ல. வேர்த்துக் கொட்டுது. ஒண்டும் இல்ல எண்டு கையால காட்டிட்டு கிறுகி வந்திட்டன். இண்டைக்கு ஜவுபர் கேக்கக்குள்ளயும் அந்த வாசலில நிக்கிற மாதிரித்தான் இரிந்திச்சி.

பூமணியா? சுகமா இரிக்கா. புள்ளக்கு ரெண்டு வயசு முடிஞ்சிட்டு, நெஞ்சில சளி, மாசம் ஒருக்கா கிளினிக்குக்குக் கொண்டு வருவா. கேட்டடியில நிண்டு என்னோட கதைச்சிட்டுத்தான் போவா. சொந்த அண்ணனக் கூப்புடுற மாதிரி காக்கா எண்டுதான் கூப்புடுவா. ஒருநாள் முருங்கக்காய் கட்டிக் கொண்டந்து தந்தா. மனிசனுக்கு ஏசுவா மிஸ்ஸி. புள்ளட முகத்தக் கூடப் பாக்காம உட்டுட்டுப் போன நன்றி கெட்டவன் எண்டு ஏசுவா. அவன் திரும்பி வந்தாலும் படி ஏற உடமாட்டன் எண்டுவா.

ஓம், நீங்க கேக்கிறது சரிதான். அந்த நேரத்தில ஒரு ஆளக் காணல்ல எண்டா புடிச்சிட்டாங்க எண்டுதான் எல்லாரும் நினைப்பாங்க. முகாம் முகாமாத் தேடுவாங்க. அவ தேடல்ல. அவட அண்ணனும் தேடல்ல.

அண்டைக்குக் கேட்டடியில ஸகியா என்னக் கேட்டா மிஸ்ஸி, இந்தத் துணி ஆர் தந்த எண்டு. ஜீப்பு போன ரோட்டப் பாத்துக்கிட்டு நிண்டன். மனிசன்தான் தந்தார், வாட்டுக்கு வரல்லயாம், கொழும்பு பஸ்ஸில ஏறிட்டார் எண்டு சொல்லிட்டன்.