இருநூத்திப் பன்னெண்டு அம்மாக்கள்

அண்ணி: ஜெராக்ஸ் கலர்லயே எடு தம்பி. அந்த நீல முத்திரை கறுப்பா வந்தா பாக்கவே நல்லாருக்காது.

கொழுந்தன்: எடுக்கறேன் அண்ணி. மெஷின் சூடாகணும், அதுவரைக்கும் உக்காருங்க. ட்யூட்டி முடிஞ்சு நேரா வர்றீங்களா? யூனிஃபார்மோட...

அண்ணி: வந்தா என்ன? மெடிக்கல் காலேஜ் லைப்ரரிக்குள்ள நர்ஸ் வரக்கூடாதுன்னு போர்டு போட்டிருக்கியா?

கொழுந்தன்: போட்டா மட்டும் நீங்க நிக்கவா போறீங்க!

அண்ணி: ரெண்டு காப்பி. ஒண்ணு ஊசி ரூம்ல ஒட்ட. இன்னொண்ணு உங்க அண்ணனுக்கு. லீவு நாள்லகூட என்னத்த எழுதற, மளிகை லிஸ்டான்னு கேட்டார்ல... அவர் சாப்பிடற எடத்துல, கண்ணுக்கு நேரா ஒட்டப் போறேன்.

கொழுந்தன்: அப்படி என்ன லெட்டர்னு பாப்போம். "மதிப்பிற்குரிய பேராசிரியர், முனைவர் அம்மையார் அவர்களுக்கு..." அண்ணி! எப்ப முனைவர் ஆனீங்க? வீட்ல ஒருத்தர்கூட சொல்லல?

அண்ணி: மரியாதைக்குப் போட்டிருப்பாங்க. மேல படி.

கொழுந்தன்: "தங்கள் அரிய கட்டுரையை எங்கள் குழு பரிசீலித்து, பெருமகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொண்டது..."

அண்ணி: பெருமகிழ்ச்சியுடன்! கேட்டியா?

கொழுந்தன்: கேட்டேன்... எப்ப அனுப்பினீங்க?

அண்ணி: திங்கக்கெழம.

கொழுந்தன்: இன்னிக்கு வியாழன்.

அண்ணி: ஆமா, நேத்தே பதில் வந்திருச்சு. நல்ல கட்டுரைன்னா எதுக்கு இழுத்தடிக்கணும்?

கொழுந்தன்: ம்ம்...

அண்ணி: என்ன ம்ம்? மெஷின் சூடாகலையா இன்னும்?

கொழுந்தன்: சூடாயிருச்சு. அண்ணி... பணம் ஏதாவது கேட்டிருக்காங்களா?

அண்ணி: வெளியீட்டுக் கட்டணம். நாளைக்குள்ள கட்டினா சலுகையாம். சாயங்காலம் உங்க அண்ணன் கார்டை வாங்கி...

கொழுந்தன்: இன்னும் கட்டலயே?

அண்ணி: இல்ல.

கொழுந்தன்: அப்பாடா.

அண்ணி: என்ன அப்பாடா? தம்பி, உன் மூஞ்சி சரியில்ல. என்னன்னு சொல்லு.

கொழுந்தன்: இந்தப் பத்திரிகை பேரை முழுசாப் படிச்சீங்களா?

அண்ணி: உலகளாவிய சுகாதாரம், சமூகம்...

கொழுந்தன்: அதுக்கப்புறம்?

அண்ணி: பொறியியல்...

கொழுந்தன்: அதுக்கும் அப்புறம்?

அண்ணி: ...கோழி வளர்ப்பு.

கொழுந்தன்: கோழி வளர்ப்பு!

அண்ணி: கோழிக்கும்தான் ஊசி போடறாங்க! சிரிக்காத.

கொழுந்தன்: நான் சிரிக்கல அண்ணி. சத்தியமா சிரிக்கல. நீங்க அனுப்பின ஃபைலைத் தெறங்க, ஒண்ணு பாத்துக்கறேன்.

அண்ணி: இந்தா, போன்லயே இருக்கு. இருபத்திரெண்டு பக்கம். குழந்தைக்கு ரெண்டாவது தடுப்பூசி போட வராமப் போன இருநூத்திப் பன்னெண்டு அம்மாக்களை வீடு வீடாத் தேடிப் போய்க் கேட்டது. உனக்குத்தான் தெரியுமே, ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் செருப்புத் தேய...

கொழுந்தன்: அண்ணி, ஆறாவது பக்கத்தைக் கொஞ்சம் பாருங்க.

அண்ணி: ஆறாவது பக்கம் டேபிள் தம்பி. எந்தக் கம்பெனி எத்தன மணிக்கு விடுது, நம்ம ஊசி ரூம் எத்தன மணிக்குச் சாத்தறோம்னு...

கொழுந்தன்: பாருங்க.

அண்ணி: ...ஐயையோ.

கொழுந்தன்: உங்க வார்டு ட்யூட்டி லிஸ்ட். யார் யாருக்கு எந்த வாரம் லீவுன்னு அழகா இருக்கு.

அண்ணி: ரெண்டும் ஒரே ஃபோல்டர்ல இருந்துச்சு... மாத்தி ஒட்டித் தொலச்சிருக்கேன்.

கொழுந்தன்: பரிசீலிச்சவங்க என்ன எழுதியிருக்காங்க? "அட்டவணைகள் மிகத் தெளிவு. திருத்தம் ஏதும் தேவையில்லை."

அண்ணி: அப்ப...

கொழுந்தன்: ம்.

அண்ணி: அவங்க படிக்கவே இல்லையா?

கொழுந்தன்: யாரும் படிக்கல அண்ணி. இவங்க படிக்கறதுக்கு நடத்தல. எதை அனுப்பினாலும் பெருமகிழ்ச்சிதான். நாளைக்கு நீங்க நெஜமாவே மளிகை லிஸ்ட் அனுப்பினாக்கூட அரிய கட்டுரைன்னு லெட்டர் வரும். அண்ணி? தண்ணி குடிங்க.

அண்ணி: பணம் போயிருந்தாக்கூட பரவால்ல தம்பி. அந்தப் பொண்ணுங்க கைவேலையப் போட்டுட்டு வாசல்ல நின்னு எங்கிட்ட பேசினாங்க. ஒருத்தி ரொட்டி சுட்டுக்கிட்டே பேசினா, ரொட்டி கருகிருச்சு. அதெல்லாம் ஒருத்தர்கூடப் படிக்கலயா...

கொழுந்தன்: நீங்க எழுதறப்பவே நான் படிச்சேனே.

அண்ணி: நீ வீட்டு ஆளு. காலைல மீட்டிங்ல ஹெட் நர்ஸ் சொல்லி எல்லாரும் கை தட்டினாங்க தெரியுமா? அந்த மயக்க மருந்து டாக்டர், என்னிக்கும் தலை நிமிந்து பாக்காத மனுஷன், அவரே தட்டினார். இப்ப எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அங்க போறது?

கொழுந்தன்: இதே மூஞ்சியோடதான். போய், அந்தப் பத்திரிகை சரியில்ல, வேற எடத்துக்கு அனுப்பறேன்னு சொல்லுங்க. அந்த டாக்டரே இதுல ரெண்டு தடவை மாட்டியிருப்பாரு, உங்களுக்கென்ன தெரியும்?

அண்ணி: வேற எடம் எது? யாரு என்னையெல்லாம் போடுவாங்க?

கொழுந்தன்: லிஃப்ட் பக்கத்துல திங்கக்கெழமை திங்கக்கெழமை ஒரு மஞ்சப் பேப்பர் ஒட்டறேனே, படிச்சிருக்கீங்களா?

அண்ணி: "சுகாதாரம், சமூக அறிவியல் ஆய்வாளர்களுக்கு: நிதி, பிரசுர வாய்ப்புகள்." அதானே? பாத்திருக்கேன். அது டாக்டருங்களுக்குன்னு நெனச்சேன்.

கொழுந்தன்: அவங்க அதுக்குக் கீழ நின்னு போன் பேசறதோட சரி. மூணு வருஷமா ஒட்டறேன், ஒருத்தர் வந்து ஒரு கேள்வி கேட்டதில்ல. லிஃப்ட் வேலை செய்யலன்னு போர்டு வெச்சா மட்டும் நூறு பேர் வந்து கேப்பாங்க.

அண்ணி: பாவம்டா நீ. ஆனா அதுல ஆய்வாளர்னு போட்டிருக்கே. நான் ஊசி போடறவ.

கொழுந்தன்: இருநூத்திப் பன்னெண்டு வீட்டுக் கதவத் தட்டினவங்களுக்கு வேற என்ன பேரு அண்ணி? இந்த வாரப் பேப்பர்ல மூணாவது வரி. இத மட்டும் சத்தமாப் படிங்க.

அண்ணி: "களப் பணியில் உள்ளோருக்கான சிறு நிதி. நர்ஸ், சமூகப் பணியாளர், சுகாதார ஊழியர் விண்ணப்பிக்கலாம். முனைவர் பட்டம் கட்டாயமில்லை..." கட்டாயமில்லையா!

கொழுந்தன்: கட்டாயமில்ல. பேராசிரியர் அம்மையாரும் வேணாம். ஒரு வருஷத்துக்கு வாரத்துல ஒரு நாள் வேலைலேர்ந்து விடுவிப்பாங்க. உங்க எடத்துக்கு வர்ற ஆளுக்கு அவங்க சம்பளம் குடுப்பாங்க. கணக்கு சரியான்னு பாக்க புள்ளியியல் தெரிஞ்ச ஒருத்தர். எழுதி முடிச்சதும், கட்டணம் வாங்காத நல்ல இதழுக்கு அனுப்ப வழிகாட்டுவாங்க. அங்க போடுவாங்களா மாட்டாங்களாங்கறது கட்டுரையப் பொறுத்தது.

அண்ணி: படிப்பாங்களா?

கொழுந்தன்: படிச்சு உயிரை வாங்குவாங்க.

அண்ணி: கடைசித் தேதி... நாளன்னிக்கா!

கொழுந்தன்: அம்மாக்கள்கிட்ட சம்மதக் கையெழுத்து இருக்கா?

அண்ணி: ரெஜிஸ்டர்ல, ஒவ்வொரு பேருக்கும் நேரா. ஆஸ்பத்திரி நெறிமுறைக் குழுவோட அனுமதியும் இருக்கு. ஹெட் நர்ஸ் விடாப்பிடியா வாங்க வெச்சாங்க.

கொழுந்தன்: அப்புறம் என்ன? நாற்காலிய இப்படி இழுங்க. மொதல்ல அந்த ட்யூட்டி லிஸ்டைத் தூக்குவோம்.

அண்ணி: இரு, தூக்கறதுக்கு முன்னாடி பாத்துக்கறேன். அடுத்த வாரம் எனக்கு எந்த ஷிஃப்டுன்னு மறந்துபோச்சு.

* * *

அண்ணி: தம்பி, கையில இருக்கறதக் கீழ வை. இதழ்லேர்ந்து பதில் வந்திருச்சு.

கொழுந்தன்: நெஜ இதழா?

அண்ணி: கோழி இல்லாத இதழ். நிதி கெடச்சு, ஒரு வருஷமா செவ்வாக்கெழமை தவறாம உன் ஜன்னலோர மேசையில உக்காந்து எழுதினேனே, அதுக்கு. அனுப்பி அஞ்சு மாசம் ஆச்சு. ரெண்டு பேர் படிச்சிருக்காங்க!

கொழுந்தன்: என்ன சொல்லியிருக்காங்க? உங்க சிரிப்பப் பாத்தா...

அண்ணி: மொத ஆளு நல்லாருக்குன்னு ரெண்டு வரி. ரெண்டாவது ஆளு மூணு பக்கம் திட்டியிருக்கார்! பதினோரு கேள்வி!

கொழுந்தன்: திட்டினதுக்கா இவ்ளோ சந்தோஷம்?

அண்ணி: தம்பி, அந்தக் கருகின ரொட்டி அம்மாவைப் பத்திக் கேட்டிருக்கார். பதினாலாம் பக்கத்துல ஒரே ஒரு வரி. அத ஏன் அடிக்குறிப்புல போட்டீங்க, மேல கொண்டு வாங்கன்னு. அந்த வரி வரைக்கும் வந்திருக்கார்... எனக்கு அங்க கண்ணு கலங்கிருச்சு.

கொழுந்தன்: கடைசியா என்ன முடிவு?

அண்ணி: பதினோரு கேள்விக்கும் பதில் சொன்னா போட்டுக்கறாங்களாம். ஹெட் நர்ஸ்கிட்ட சொல்லிட்டேன். இந்தத் தடவை கை தட்ட விடல, அச்சுல வரட்டும்னு சொல்லிட்டேன்.

கொழுந்தன்: அச்சு கெடக்கு அண்ணி. ஊசி ரூம் இப்ப வாரத்துல ரெண்டு நாள் ஏழு மணி வரைக்கும் தெறந்திருக்கே, அது உங்க டேபிளப் பாத்துத்தானே?

அண்ணி: நேத்து சாயங்காலம் முப்பத்தியெட்டு பேர். தையல் கம்பெனி விட்டதும், நூல்கூட உதறாம அப்படியே வந்து நிக்கறாங்க. ஒருத்தி குழந்தைய எங்கிட்ட நீட்டிட்டு உக்காந்த எடத்துலயே தூங்கிட்டா. எழுப்ப மனசு வரல. சரி, அத விடு... உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சுக்கிட்டிருக்கேன்.

கொழுந்தன்: கேளுங்க.

அண்ணி: அன்னிக்கு அந்த லெட்டரப் பாத்த ஒடனே போலின்னு எப்படித் தெரிஞ்சுது? ரெண்டு வரிகூட தாண்டல நீ.

கொழுந்தன்: லைப்ரரி உத்தியோகம்... பழக்கம்தான்...

அண்ணி: எங்கிட்டயா? காது செவக்குது பாரு. டேய்!

கொழுந்தன்: அதே நீல முத்திரை எங்கிட்டயும் ஒண்ணு இருக்கு அண்ணி. அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி. கிராமப்புற நூலகங்கள்ல சுகாதாரப் புத்தகங்கள் எப்படிப் பயன்படுதுன்னு எழுதினேன். ஒரு மாசச் சம்பளம் கட்டினேன். இன்னும் அந்த வெப்சைட்ல இருக்கு, மீன் குளம் வெட்டறதுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவுல.

அண்ணி: அடப்பாவி! வீட்ல மூச்சு விடல?

கொழுந்தன்: அண்ணன் பொழுது விடிஞ்சா அதையே சொல்லிச் சிரிப்பாரு. இன்னொருத்தர் மாட்டக்கூடாதுன்னுதான் மஞ்சப் பேப்பர் ஒட்ட ஆரம்பிச்சேன். கடைசியில வீட்டுக்குள்ளயே ஒருத்தர்...

அண்ணி: சொல்ல மாட்டேன், போ. என் வாயிலேர்ந்து வராது. ஆனா நீ அந்த லைப்ரரி கட்டுரைய மறுபடி எழுதணும். அடுத்த செவ்வாக்கெழம. என் மேசை, நான் காவல்.

கொழுந்தன்: உத்தரவு. இப்ப உங்க பதினோரு கேள்விக்கு வாங்க. பத்து சுலபம், பெரும்பாலும் கணக்குக் கேள்வி. இந்த ஏழாவதுதான் வேற மாதிரி இருக்கு.

அண்ணி: ஏழு கடைசில பாத்துக்கலாம்.

கொழுந்தன்: ஏன், இதுவும் நல்ல கேள்விதானே? "பேசிய தாய்மார்களில் பாதிக்கு மேல், குழந்தைக்குக் காய்ச்சல் என்பதையே முதல் காரணமாகச் சொல்லியிருக்கிறார்கள். பொதுவாக இதைக் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். இந்த ஆய்வாளர் மட்டும் அதை நம்பாமல், வேலை எத்தனை மணிக்கு முடியும் என்று கேட்டிருக்கிறார். காய்ச்சல் உண்மையான காரணம் அல்ல என்று அவருக்கு எப்படித் தோன்றியது?"

அண்ணி: அனுபவம்னு போடு.

கொழுந்தன்: பதினேழு வருஷப் பணி அனுபவத்தால்...

அண்ணி: ஆங், அதான். போட்டுட்டு எட்டுக்கு வா.

கொழுந்தன்: போட்டாச்சு. எட்டாவது கேள்வி, மாதிரி எண்ணிக்கை...

அண்ணி: இரு. ஏழை அழி.

கொழுந்தன்: நல்லாத்தானே இருக்கு?

அண்ணி: அந்த மனுஷன் அடிக்குறிப்பு வரைக்கும் படிச்சிருக்கார் தம்பி. அவருக்குப் போய் பூசி மெழுகி எழுத மனசு வரல.

கொழுந்தன்: அப்ப என்ன எழுதறது?

அண்ணி: சின்னவ கைக்குழந்தையா இருந்தப்ப நான் தூரத்து ஹெல்த் சென்டர்ல வேலையா இருந்தேன், ஞாபகம் இருக்கா? ரெண்டு பஸ் மாறணும். கைக்குழந்தையத் தூக்கிட்டுப் போக முடியல. வீட்டுப் பக்கத்து சென்டர்லயும் என் சென்டர்லயும் ஒரே கெழமைதான் ஊசி. நான் ஊரார் குழந்தைக்கெல்லாம் போட்டு முடிச்சுட்டு வந்து சேர்றதுக்குள்ள இங்க கதவச் சாத்திருப்பாங்க.

கொழுந்தன்: அப்ப சின்னவளுக்கு...

அண்ணி: ரெண்டாவது ஊசி அஞ்சு மாசம் லேட்டு. நல்லவேளை, ஒண்ணும் ஆகல. இப்ப பள்ளிக்கூடத்துல ஓட்டப்பந்தயத்துல மொதல்ல வர்றா. ஆனா கடைசியா ஊசி போடப் போன அன்னிக்கு இந்தப் பக்கத்து சென்டர் நர்ஸ் அட்டையில காலிக் கட்டத்தைப் பாத்துட்டு, "நீங்களே நர்ஸ், நீங்களே இப்படியா? ஏன் வரல?"ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டா.

கொழுந்தன்: நீங்க என்ன சொன்னீங்க?

அண்ணி: எல்லாரும் சொல்றதையேதான் தம்பி. "காய்ச்சலா இருந்துச்சு சிஸ்டர்"னு.